எண்பத்தெட்டாம் ஆண்டு ஆர்மோனியம்

தொண்ணூற்றெட்டில் வன்னிக்கு வந்து சேர்ந்த நிவாரணங்களுள் தலையாயது சிற்றம்பலத்தார்தான் என்பதை வரலாறு ஒருநாள் ஒப்புக்கொள்ளும். காய்ச்சல் குளிசைக்கும் சவர்க்காரத்துக்கும் வவுனியாவைத் தாண்ட இராணுவ அனுமதி கிடைக்காத காலம் அது. அவருக்குக் கிடைத்தது. கொழும்புப் 'பழவாத்தியப் பாதுகாப்புச் சங்க'த்தின் செயலாளர் அவர். நூறு வயதைக் கடந்த வாத்தியங்களைப் போர் நடக்கும் இடங்களிலிருந்து மீட்டு, கொழும்பில் ஓர் அலுமாரிக்குள் வைப்பதே சங்கத்தின் திருப்பணி. மனிதர்களை மீட்பதைப் பற்றிச் சங்கத்தின் யாப்பில் ஒன்றும் இல்லை. அவர்கள்மேல் தொடர் இலக்கம் பொறிக்கப்படுவதில்லையே.

சோதனைச் சாவடியில் அவருடைய டோர்ச்சிலிருந்து பற்றரிகளைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். பூதக்கண்ணாடியை விட்டுவிட்டார்கள். அது போதும் என்று சிற்றம்பலத்தார் திருப்திப்பட்டார். வாத்தியத்தின் வயதை அறிய அதை வாசித்துப் பார்ப்பவன் மூடன் என்பது அவர் கட்சி. மரத்துக்கு வார்னிஷ் அடிக்கலாம், கட்டைகளை மாற்றலாம், சொந்தக்காரர் பொய் சொல்லலாம். உலோகத்தில் அடித்த முத்திரை மட்டும் பொய் சொல்லாது. செய்தவரின் எழுத்தும் இலக்கமும் அகப்பட்டால் போதும், பிறந்த வருடத்தைப் பளிச்சென்று சொல்லிவிடுவார். சாத்திரிமாராவது பிழைவிட்டால் கிரகத்தில் பழியைப் போடுவார்கள். சிற்றம்பலத்தார் பிழையே விடுவதில்லை.

மல்லாவியில் ஓர் ஓலைக்கொட்டிலில் அமராவதி பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தபோது வீடு வாசலை விட்டுவிட்டு, தகப்பனின் ஆர்மோனியத்தை மட்டும் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தவர். அதை வைத்துத்தான் அவர் அடுப்பு எரிந்தது. பிள்ளைகளின் தாய்மார் அரிசியோ மரக்கறியோ கொடுத்தனுப்புவார்கள். ஆர்மோனியம் பார்க்கக் கொழும்பிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்றதும், திருத்தித் தரத்தான் வந்திருக்கிறார் என்று நம்பி, பாவம், உட்காரக் கதிரை எடுத்துப் போட்டார்.

சிற்றம்பலத்தார் ஆர்மோனியத்தைக் கும்பிட்டார். பிறகு கவிழ்த்தார். பெயர்த்தகடு இடப்பெயர்வில் எங்கோ விழுந்திருந்தது. உள்ளே எழுதியிருந்ததைக் கறையான் வாசித்து முடித்திருந்தது. சோர்ந்து நிமிர்ந்தவரின் கண்ணில், காற்றைத் திறக்க இழுக்கும் முன்பக்கக் குமிழ்கள் பட்டன. எல்லாம் பித்தளை. ஒவ்வொன்றின் முகத்திலும் வட்டமாக நுணுக்கெழுத்து, கீழே '88'.

பூதக்கண்ணாடியை இன்னும் கிட்டக் கொண்டுபோனார்.

"ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தெட்டு. அம்மா, இது இனி உங்கட சொத்தில்லை. இனத்தின்ர சொத்து. நாளைக்கே கொழும்புக்குக் கொண்டுபோறன். வெளியில கொண்டுபோகப் பாஸ் எடுத்தாச்சு."

ஆர்மோனியத்துக்குப் பாஸ்! தாயின் கண் வைத்தியத்துக்காக வவுனியா போக அமராவதி கேட்ட பாஸ் இன்னும் 'பரிசீலனை'யில் இருந்தது.

அமராவதியின் முகம் செத்துவிட்டது. அங்கே இதை யார் வாசிப்பார்கள் என்று மெல்லக் கேட்டார். வாசிப்பதா? கண்ணாடி போட்டுப் பூட்டிவிடுவோம், ஒருவரையும் தொடவிட மாட்டோம் என்று சிற்றம்பலத்தார் பெருந்தன்மையோடு உறுதியளித்தார்.

"ஐயா, அந்தக் குமிழ் பழசில்லை. பழசு உடைஞ்சு போச்சு. சைக்கிள் கடைப் பொன்னையா அண்ணை வெட்டிப் போட்டுத் தந்தவர்."

சொந்தக்காரர் பொய் சொல்வார் என்பதை அறிந்தவர் புன்னகை செய்தார். உலோகம் பேசட்டும் என்றார்.

அமராவதி எழுந்துபோய் ஒரு பால்மாத் தகரப் பேணியைக் கொண்டுவந்து பாயில் கவிழ்த்தார். அதே பித்தளை, அதே வட்ட எழுத்து. பொன்னையாவின் வாள் இன்னும் படாததால் விரல் நீளத்துக்குக் குழாய் குழாயாக இருந்தன. சிற்றம்பலத்தார் பரவசத்தோடு பூதக்கண்ணாடியை ஓட்டினார். 89, 91, 95. விடாமல் வருடா வருடம் உற்பத்தி! எத்தனை பெரிய பட்டறை! வெள்ளைக்காரன் காலத்து வன்னியில் இப்படியொரு இசைப் பாரம்பரியம் இருந்ததை உலகம் அறியாமல் போயிற்றே என்று அவர் உருகினார். இவற்றை எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டார்.

"வீட்டு முத்தத்தில, ஐயா. இது போன செவ்வாய்க்கிழமை பொறுக்கினது. ஹெலிகொப்டர் சுட்டுக்கொண்டு போகேக்க மேலயிருந்து கொட்டுண்டது. எடுக்கேக்க கை சுட்டது."

பிள்ளைகளில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு இது பழைய சங்கதி. சிற்றம்பலத்தார் அண்ணாந்து பார்த்தார். கூரை ஓலையில் வரிசையாக ஓட்டைகள் இருந்தன. வந்ததிலிருந்து அவற்றைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வெளிச்சத்துக்கு விட்டவை என்று நினைத்திருந்தார். கையிலிருந்த வெற்றுத் துப்பாக்கி ரவைக் கோதைப் பாயில் மெதுவாக வைத்துவிட்டு, விரல்களை வேட்டியில் துடைத்தார்.

ஆனாலும் விதி விதிதான். உலோகம் பேசிவிட்டது: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு. பத்து வயது வாத்தியத்தைச் சங்கம் ஏறெடுத்தும் பாராது. அமராவதியின் பாட்டனார் கல்கத்தாவிலிருந்து கப்பலில் தருவித்த, மெய்யாகவே நூறு தாண்டிய அந்த ஆர்மோனியம் 'பழமையற்றது' என்று தீர்ப்பாகித் தப்பிப் பிழைத்தது. அமராவதி அதை மடியருகே இழுத்து வைத்துக்கொண்டார்.

சிற்றம்பலத்தார் புறப்பட்டார். வாசல்வரை போனவரைப் பழக்கதோஷம் பிடித்து இழுத்தது. எந்த வாத்தியத்தைப் பார்த்தாலும் கடைசியாக அவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு.

"இதைச் செய்தவையின்ர விலாசம் தெரியுமோ, அம்மா?"

அமராவதி துருத்தியை ஒருமுறை அமத்திப் பார்த்தார். காற்று ஒழுங்காக வந்தது.

"தெரியாது, ஐயா. அவைக்குத்தான் எங்கட விலாசம் நல்லாத் தெரியும்."