நடுவழியில் வெர்ன் சோப்சாக்

ஊர் எல்லையில் ரயில் பாதையைத் தாண்டியதும் அமரர் ஊர்தி நடுங்க ஆரம்பித்தது.

முதலில் ரஸ்ஸல் கிம்பிள் அதைத் தன் கை நடுக்கம் என்றே நினைத்தான். அதற்குக் காரணமும் இருந்தது. இருபத்தெட்டு வருஷம் இறுதிச் சடங்கு நிலையம் நடத்திய மாமா, சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டு ஃப்ளோரிடாவுக்குக் குடிபோய் மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மாமா இல்லாமல் ரஸ்ஸல் தனியாக நடத்தும் முதல் பெரிய அடக்கம் இது. ஆனால் ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துப் பார்த்தபோது கை சும்மாதான் இருந்தது. ஆடியது ஸ்டியரிங்.

ஆக்சிலரேட்டரை மிதித்தான். எஞ்சின் முக்கியது, முனகியது. வேகம் முப்பது மைலைத் தாண்டவில்லை. முன்பலகையில் மஞ்சள் விளக்கு ஒன்று கண்ணடித்தது.

பின்னால் பதினேழு கார்கள், பட்டப்பகலில் ஹெட்லைட் போட்டுக்கொண்டு வரிசையாக ஊர்ந்து வந்தன. அவற்றுக்கும் பின்னால் ஒரு பால் லாரி, முந்த வழியில்லாமல் துக்கத்தில் கலந்துகொண்டிருந்தது.

பெட்டியில் படுத்திருந்தவர் வெர்ன் சோப்சாக். அந்த வட்டாரத்தில் நாற்பத்தோரு வருஷம் மெக்கானிக் கடை வைத்திருந்தவர். ரஸ்ஸலுக்குப் பெரிய சங்கடமே அதுதான். ஒரு பல் டாக்டரையோ பள்ளிக்கூட வாத்தியாரையோ கொண்டுபோகும்போது வண்டி மக்கர் பண்ணியிருந்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

பக்கத்து இருக்கையில் வெர்னின் மனைவி டோலோரஸ், கறுப்புக் கோட்டும் கறுப்புக் கையுறையுமாக, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வண்டி ஆடிய ஆட்டத்தில் அவள் தொப்பியின் வலை மட்டும் படபடத்தது.

"ரோடு கொஞ்சம் மோசமா இருக்கும்மா," என்றான் ரஸ்ஸல்.

"போன கோடையிலதான் புதுசா போட்டாங்க, தம்பி," என்றாள் டோலோரஸ்.

வண்டியை அவன் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. ஒஹாயோவில் ஒரு வியாபாரியிடம் எடுத்த பழைய வண்டி. "ஒரே சொந்தக்காரர் சார். மெதுவாவே ஓடின வண்டி. இது ஹாரன் அடிச்சு ஒருத்தரும் கேட்டதில்ல," என்று அந்த ஆள் சொன்னான். மாமா தொலைபேசியில், "நல்லா விரட்டி ஓட்டிப் பாத்தியா?" என்று கேட்டார். ரஸ்ஸல் ஆமாம் என்றான். விரட்டிப் பார்த்தது அந்த வியாபாரியின் கட்டடத்தைச் சுற்றி ஒரே ஒரு சுற்று. அதற்குப் பிறகும் வண்டி ஊருக்குள்ளேயேதான் ஓடியது. வெர்னின் அப்பா அம்மா புதைக்கப்பட்ட கல்லறைத் தோட்டமோ பதினாறு மைல் தள்ளி இருந்தது. மண்ணைத் தள்ளி மூடும் இயந்திரக்காரர் ஒரு மணிக்கு மேல் நிற்க முடியாது என்று முன்பே கறாராகச் சொல்லியிருந்தார். இப்போது மணி பதினொன்றரை.

சின்ன மேடு ஒன்று வந்தது. வண்டி பாதி ஏறி, அதற்கு மேல் விருப்பமில்லாததுபோல் உலுக்கியது. சர்க்கரை ஆலைக்குப் போக வேண்டிய பீட் கிழங்குகள் மலைபோல் குவிந்திருந்த ஒரு களத்தில் ரஸ்ஸல் அதை ஒதுக்கி நிறுத்தினான். பதினேழு கார்களும் ஒதுங்கின. பால் லாரி ஒருமுறை ஹாரன் அடித்து மரியாதை செய்துவிட்டுப் போனது.

அவன் இறங்குவதற்குள் மூன்று பேர் வந்துவிட்டார்கள். மூன்று பேரும் பெட்டி தூக்க வந்தவர்கள், எழுபதைத் தாண்டியவர்கள், வெர்னின் நெடுநாள் சிநேகிதர்கள். லைல் கார் அச்சு செய்யும் ஆலையில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவர். ஜீன் ஸ்பார்க் பிளக் ஆலையில் இருபத்தொன்பது வருஷம். டுவேன் வெர்னிடமே வேலை பார்த்து, வெர்னாலேயே இரண்டு முறை வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்.

"பானெட்டைத் திற," என்றார் லைல்.

"அஞ்சு நிமிஷம் குடுங்க சார். இழுத்துட்டுப் போக டோ வண்டிக்குப் போன் பண்றேன்."

லைல் அவனை மேலும் கீழும் பார்த்தார். "வெர்ன் சோப்சாக் சாவுக்கு டோ வண்டி கூப்பிடப் போறியா நீ?"

ரஸ்ஸல் பானெட்டைத் திறந்தான்.

"டயர். பேலன்ஸ் போயிருக்கு," என்றார் லைல்.

"வண்டி நிக்குதுடா. நின்னுக்கிட்டே ஆடுது," என்றார் ஜீன். "நிக்கிற டயர் எப்படிடா ஆட்டும்?"

"அப்ப நீயே சொல்லு."

"ஒரு சிலிண்டர் அடிக்கல. அதான் உதறுது, இழுக்க மாட்டேங்குது. பிளக்காத்தான் இருக்கும்."

"உனக்கு எதுன்னாலும் பிளக்தான். உன் பொண்டாட்டி முட்டி வலின்னப்பவும் நீ பிளக்கைத்தான் பாத்திருப்ப."

"எஞ்சினைத் தாங்குற ரப்பர் போயிருக்கும்," என்றார் டுவேன்.

"அதுக்குத்தான் வெர்ன் உன்னை ரெண்டு தடவை வெளிய அனுப்பினான்," என்றார் லைல்.

"மூணாவது தடவை அவனேதான் வந்து கூப்பிட்டான். அதையும் சொல்லு."

லைல் கோட்டைக் கழற்றி ரஸ்ஸலின் கையில் கொடுத்தார். இப்போது வருகிற வண்டியெல்லாம் கம்ப்யூட்டர், அதற்குக் கொஞ்சம் மறதி வரவழைத்தால் சரியாகிவிடும் என்பது அவர் கட்சி. டுவேனின் பிக்கப் வண்டியிலிருந்து இடுக்கி வந்தது. எஞ்சினை நிறுத்தி, பேட்டரி ஒயரைக் கழற்றி, வாய்விட்டு அறுபது வரை எண்ணி, மறுபடி மாட்டினார்.

அமரர் ஊர்தி அலறியது. ஹாரன் விட்டு விட்டு அடித்தது, நாலு பக்கமும் விளக்குகள் மின்னின, ரேடியோ தானாகவே உச்சக் குரலில் உயிர்பெற்று சிகாகோ சந்தையில் பன்றி என்ன விலை என்று வெர்ன் சோப்சாக்குக்குச் சொல்லத் தொடங்கியது. கார்களிலிருந்தவர்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். ரஸ்ஸல் உள்ளே பாய்ந்து கைக்குக் கிடைத்த பொத்தானையெல்லாம் அமுக்கினான். டோலோரஸ் நிதானமாகக் கையை நீட்டி ரேடியோவை அணைத்தாள். ஹாரன் மட்டும் நாலு நிமிஷம் கழித்துத் தானாக ஓய்ந்தது.

"இப்ப ஸ்டார்ட் பண்ணு," என்றார் லைல்.

வண்டி ஸ்டார்ட் ஆனது. அதே நடுக்கம், அதே முனகல்.

"மறக்கல," என்றார் ஜீன். "நல்ல ஞாபகசக்தி."

அடுத்தது ஜீனின் முறை. பிளக்கைப் பார்க்க விடமாட்டேன் என்று இரண்டு பேரும் அடம்பிடித்ததால், காற்று வடிகட்டியையாவது பார்க்கிறேன் என்று அதன் பெட்டியைத் திறந்தார். உள்ளே பஞ்சும் காகிதமும் சேர்த்துக் கட்டிய ஓர் எலிக்கூடு. கூட்டில் எலி இல்லை, ஒரு கைப்பிடிச் சோளம் இருந்தது.

"ஒரே சொந்தக்காரர்னு சொன்னானே," என்றான் ரஸ்ஸல் ஈனஸ்வரத்தில்.

"இவங்க வாடகைக்கு இருந்திருப்பாங்க," என்றார் டுவேன்.

மூன்று பேரும் வெற்றி பெற்றவர்கள்போல் கைகுலுக்கிக்கொண்டார்கள். கூட்டை அப்புறப்படுத்திவிட்டு ஜீன் வடிகட்டிப் பெட்டியை மறுபடி அழுத்தி மூடியபோது, பக்கத்திலிருந்த பழைய ரப்பர் குழாய் டப்பென்று வெடித்தது. எஞ்சின் ஒரு விக்கல் விக்கி அடங்கியது.

மூன்று பேரும் குனிந்து வெடித்த குழாயைப் பார்த்தார்கள்.

"ஆட்டம் நின்னுடுச்சு பாத்தியா?" என்றார் ஜீன்.

"வண்டியே நின்னுடுச்சுடா," என்றார் லைல்.

ரஸ்ஸல் தள்ளிப்போய் கிழங்குக் குவியலுக்குப் பின்னால் நின்று, காலையில் தேவாலயப் பிரார்த்தனையை முடித்துவிட்டு முன்னாலேயே போய்க் கல்லறையில் காத்திருந்த பாதிரியாருக்குப் போன் செய்தான். வழியில் சின்னத் தாமதம் என்றான். எவ்வளவு சின்னது என்று அவர் கேட்டார். திரும்பிப் பார்த்தால் ஊரில் பாதிப் பேர் அங்கே நின்றிருந்தார்கள். அவர்கள் எல்லாரும் என்றைக்காவது ஒருநாள் அவனுடைய வாடிக்கையாளர்களாக வேண்டியவர்கள். பக்கத்து ஊர்ப் போட்டிக்காரரிடம் மூன்று புது வண்டிகள் இருக்கின்றன என்பது அவர்கள் எல்லாருக்கும் தெரியும். இன்று சாயங்காலமே மாமாவுக்கும் தெரிந்துவிடும்.

டுவேன் தன் பிக்கப்பிலிருந்து வெள்ளி நிற டேப் கொண்டுவந்து குழாயைச் சுற்றிக் கட்ட ஆரம்பித்தார். கட்டிக்கொண்டே பேசினார்.

"வெர்னா இருந்தா நம்ம எல்லாரையும் பத்தடி தள்ளி நிக்கச் சொல்லிருப்பான். நீட்டு ஸ்க்ரூடிரைவரை எஞ்சின்ல வெச்சு, மறுமுனையைக் காதுல வெச்சுக் கேப்பான். டாக்டர் மாதிரி. நான் பக்கத்துல மூச்சு விட்டாக்கூடத் திட்டுவான்."

"என்கிட்ட ஒரு வருஷம் பேசவே இல்ல," என்றார் ஜீன். "வேற கடையில ஆயில் மாத்திட்டேன்னு. கடைசியில என் பிறந்தநாளுக்கு வந்து நிக்கிறான், ஆயில் ஃபில்டருக்கு ரிப்பன் கட்டி எடுத்துக்கிட்டு. ஒரு வார்த்தை பேசல. கையில குடுத்துட்டு கேக்கைத் தின்னுட்டுப் போயிட்டான்."

கூட்டம் சிரித்தது. பின்வரிசையிலிருந்த ஓர் அம்மாள், பனிப்புயலன்று தன் கணவரின் வண்டியை வெர்ன் கயிறு கட்டி ஒன்பது மைல் இழுத்து வந்ததைச் சொன்னாள். அஞ்சல் அலுவலகத்து ஆள் ஒருவர், வெர்ன் தன் காரை ஓட்டிப் பார்த்துவிட்டு, "காருக்கு ஒண்ணுமில்ல, ஓட்டுறவனைத்தான் மாத்தணும்" என்று ரசீதிலேயே எழுதிக் கொடுத்ததைச் சொன்னார். அடக்கத்துக்குப் பிறகு சாப்பிடுவதற்காக யாரோ டிக்கியில் வைத்திருந்த பன்றிக்கறி ரொட்டிகள் கைமாறின. காபிக் குடுவைகள் திறந்தன. லைல் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, கிரீஸ் கையாலேயே கண்ணைத் துடைத்தார். கன்னம் முழுக்கக் கறுப்பாயிற்று. யாரும் அதைச் சுட்டிக்காட்டவில்லை. டுவேன் தன் கைக்குட்டையை நீட்டினார். அது அதைவிடக் கறுப்பாக இருந்தது.

டேப் சுற்றி முடிந்தது. எஞ்சின் உறுமிக் கிளம்பியது. நடுக்கமும் கூடவே கிளம்பியது.

"ஒண்ணு செய்யலாம்," என்றார் டுவேன். "பெட்டியை என் பிக்கப்ல ஏத்து. அவன் இதுல நூறு தடவை வந்தவன்தான்."

ரஸ்ஸல் பிக்கப்பைப் பார்த்தான். பின்தட்டில் இரண்டு பழைய டயர், ஒரு புல்வெட்டும் இயந்திரம், ஒரு கரடிப் பொம்மை. கடிகாரத்தைப் பார்த்தான். பன்னிரண்டு இருபத்தைந்து. இந்தக் காட்சி ஃப்ளோரிடா போய்ச் சேரும் அழகை நினைத்துப் பார்த்தான். வேறு வழியில்லை. டோலோரஸிடம் அனுமதி கேட்கப் போனான். கண்ணாடி இறங்கியிருந்தது. அவள் வெளியே நின்ற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எப்படிக் கேக்குறதுன்னே தெரியல. டுவேன் சாரோட பிக்கப்..."

"மணி என்ன, தம்பி?"

சொன்னான்.

"சரி, நேரமாச்சு. கதவைத் திற."

அவள் இறங்கி வந்ததும் மூன்று பேரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். டோலோரஸ் கையுறைகளைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டாள். எஞ்சினை நிறுத்தச் சொன்னாள். பிறகு குனிந்து, எஞ்சினுக்குப் பின்னால் வலது கையை முழங்கை வரை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். வெர்னின் ஞாபகத்தில் நிற்கிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். லைல் தொப்பியை எடுத்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் எடுத்தார்கள். ஒருவர் ரொட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

டோலோரஸ் நிமிர்ந்து டுவேனின் கைக்குட்டையில் கையைத் துடைத்தாள்.

"இப்பப் பாரு, தம்பி."

ரஸ்ஸல் சாவியைத் திருகினான். எஞ்சின் ஓடுகிறதா என்றே முதலில் தெரியவில்லை, அவ்வளவு அமைதி. மஞ்சள் விளக்கைக் காணவில்லை.

"டேப்," என்றார் டுவேன்.

"எலிக்கூடு," என்றார் ஜீன். "காத்து போக நேரமெடுக்கும்னு எனக்கு அப்பவே தெரியும்."

"கம்ப்யூட்டருக்கு மறதி வர்றதுக்கு ஒரு மணி நேரம் ஆகும்டா. புத்தகத்துலயே போட்டிருக்கு," என்றார் லைல்.

மூவரும் வாதாடிக்கொண்டே தங்கள் கார்களுக்குப் போனார்கள். வரிசை கிளம்பியது. மேட்டில் வண்டி வழுக்கிக்கொண்டு ஏறியது. ஐம்பது மைல் வேகத்தில் டோலோரஸின் தொப்பி வலை அசையக்கூட இல்லை. பத்து நிமிஷம் மிச்சம் வைத்துக் கல்லறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இயந்திரக்காரர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். கறுப்புக் கன்னத்தோடும் கிரீஸ் பட்ட வெள்ளைச் சட்டைகளோடும் மூன்று பேரும் மற்றவர்களோடு சேர்ந்து பெட்டியைத் தூக்கினார்கள். பாதிரியார் பேசியபோது பின்னாலிருந்து யாரோ, "ரிப்பன் கட்டின ஃபில்டர்" என்று முணுமுணுக்க, குழியைச் சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்கினார்கள்.

எல்லாம் முடிந்தது. டோலோரஸை வண்டிக்கு அழைத்து வந்த ரஸ்ஸல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் மனதுக்குள் கோத்து வைத்திருந்ததைச் சொன்னான்.

"மன்னிச்சிடுங்கம்மா. இப்படி நடந்திருக்கவே கூடாது. இந்த வண்டிய நாளைக்கே அந்த ஒஹாயோக்காரன்கிட்டத் திருப்பி விட்டுடறேன்."

டோலோரஸ் இருக்கையில் உட்கார்ந்து, கோட்டுப் பையிலிருந்து கையுறைகளை எடுத்து ஒவ்வொரு விரலாக மாட்டிக்கொண்டாள்.

"வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல, தம்பி," என்றாள். "காலையில பாதிரியார் மூணு தடவை கேட்டும் இந்த ஆம்பளைங்க ஒருத்தர்கூட எழுந்து அவரைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. பானெட்டைத் திறந்தாத்தான் இவங்களுக்கு வாய் திறக்கும்னு, நீ பூ அடுக்கிட்டிருந்தப்ப நான்தான் போய் ஒரு ஒயரைப் பாதி கழட்டி விட்டேன்."