டீச்சர் பக்கத்து பிரேக்

நாற்சந்தியின் நட்டநடுவில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் பதினோரு வண்டிகள் பதினோரு விதமாக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பெரியவர் பதற்றமே இல்லாமல் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"சார், போனை அப்புறம் பாக்கலாம். மொதல்ல கிளட்ச்சை மிதிங்க."

"ஒரு நிமிஷம் டீச்சர், ஆபீஸ் போன்," என்றவர் ஸ்பீக்கரில் போட்டார். "சொல்லும்மா... எந்த பைல்? அந்த நத்தைப் பொண்ணுதா? ஸ்காலர்ஷிப் வரலைன்னு வாராவாரம் கவுன்ட்டர்ல வந்து நிக்குதுன்னு சொல்லுவியே, அதானே? என் டேபிள்ல வை. நானே பாக்கறேன்."

டீச்சர் தன் பக்கத்து பிரேக்கை ஓங்கி மிதித்தாள். வண்டி ஏற்கெனவே நின்றுதான் இருக்கிறது என்பது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது.

அந்த நத்தைப் பொண்ணு அவள்தான்.

காலை ஆறிலிருந்து ஒன்பது வரை அவள் டிரைவிங் ஸ்கூல் டீச்சர். ஒன்பதரைக்கு மேல் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் துறை, முனைவர் பட்ட ஆய்வு, நான்காம் ஆண்டு. காற்றில் ஈரம் குறைந்தால் தோட்டத்து நத்தைகள் என்ன செய்கின்றன என்பது தலைப்பு. அவை ஒன்றும் செய்வதில்லை. ஓட்டுக்குள் போய் வாசலை மூடிக்கொண்டு காத்திருக்கின்றன. இதை முந்நூறு பக்கத்துக்கு எழுத வேண்டும்.

உதவித்தொகை நின்று ஐந்து மாதம் ஆகிவிட்டது. நத்தை மூடிக்கொண்டு காத்திருக்கலாம். வாடகை வீட்டில் இருப்பவர்களால் அது முடியாது. அப்பா லாரி டிரைவர் என்பதால் அவளுக்கு எழுத்துக்கு முன்னாலேயே கியர் தெரியும். அதுதான் சோறு போட்டது.

ஆனால் சேரும்போதே மூன்று பிரதிகளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள்: 'முழுநேர ஆய்வாளராகிய நான் வேறெங்கும் ஊதியம் பெறும் பணியில் ஈடுபடமாட்டேன்.' மீறினால் உதவித்தொகை ரத்து, இதுவரை வாங்கியதையும் திருப்பிக் கட்ட வேண்டும். இன்னும் இரண்டு மாதத்தில் கட்டணம் கட்டாவிட்டால் பதிவே ரத்து. அந்தக் கட்டணத்தை அடைக்க வேண்டிய பணமோ, இப்போது இவள் பக்கத்தில் உட்கார்ந்து கிளட்ச் எது, பிரேக் எது என்று குனிந்து தேடும் இந்த மனிதரின் மேஜைமேல் இருக்கிறது. உதவித்தொகைப் பிரிவின் சூப்பரின்டெண்டன்ட்! சேரும்போது "ஏதோ ஆபீஸ்" என்று மட்டும்தான் சொன்னார், படுபாவி.

அவர் வண்டி ஓட்டும் லட்சணத்திலேயே அவள் கண்டுபிடித்திருக்க வேண்டும். பச்சை விளக்கு விழுந்தாலும், "உறுதியா பச்சைதானே?" என்று கேட்பார். ஓரமாக நிறுத்தியிருக்கும் வண்டிக்கும் வழிவிட்டு நிற்பார். நாலு வருஷமாக அவள் வாழ்க்கையில் வாய்ப்பதெல்லாம் நத்தையாகவே வாய்க்கிறது.

மறுநாள் முகத்தை மூடி ஒரு மாஸ்க், கறுப்புக் கண்ணாடி, நெற்றிவரை இழுத்துவிட்ட தொப்பி என்று வந்து நின்றாள்.

சூப்பரின்டெண்டன்ட் அவளை மேலும் கீழும் பார்த்தார். "என்ன டீச்சர், உடம்பு சரியில்லையா?"

"கண்ணு வலி சார். தொத்திக்கும். வேணும்னா நீங்க வேற டீச்சர்கிட்ட..."

"சேச்சே! கண்ணு வலிக்கெல்லாம் பயந்தா முடியுமா? ஏறுங்க."

விடியற்காலைப் பனியில் கறுப்புக் கண்ணாடி போட்டால் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது. ஆனால் டீச்சர் சொல்லாமல் பிரேக் போடக்கூடாது என்று முதல் பாடத்தில் நோட்டில் எழுதி வைத்திருந்தார். நகராட்சியின் பெரிய குப்பைத் தொட்டி, வண்டியின் முன்பக்கத்தைப் பதம் பார்த்தது.

டிரைவிங் ஸ்கூல் முதலாளி குதித்தார். "கண்ணு தெரியாத ஆள் கத்துக்கொடுக்கறதைக் கேள்விப்பட்டிருக்கியா? நாளையிலேர்ந்து உன்னை நிறுத்திடறேன்!"

அவளுக்குப் பாதி நிம்மதி, பாதி வாடகைக் கவலை. அதற்குள் சூப்பரின்டெண்டன்ட் நடுவில் புகுந்தார்.

"தப்பு என்னுது. எனக்கு இந்த டீச்சர்தான் வேணும். இவங்க இல்லேன்னா நான் வேற ஸ்கூலுக்குப் போறேன்."

முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, எப்பேர்ப்பட்ட மனுஷன்! இனிமே அவரு லைசென்ஸ் வாங்கறவரைக்கும் நீதான் பொறுப்பு. வேற யாருக்கும் மாத்தமாட்டேன். அந்தக் கண்ணாடியைக் கழட்டு."

லைசென்ஸ் என்றதும்தான் அவளுக்கு அடுத்த பூதம் கிளம்பியது. அந்த ஸ்கூலில் ஒரு பழக்கம் உண்டு. யார் பாஸ் ஆனாலும் லைசென்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு, கத்துக்கொடுத்தவரோடு சேர்ந்து ஒரு போட்டோ. அதைப் பெரிதாக்கி, இரண்டு பேருடைய முழுப்பெயரையும் கொட்டை எழுத்தில் போட்டு, மெயின் ரோட்டைப் பார்த்த கண்ணாடியில் முதலாளி ஒட்டிவிடுவார். அந்த ரோட்டில்தான் பல்கலைக்கழகப் பஸ் நிற்கும். துறைத்தலைவரும் கைடும் அதில்தான் வருவார்கள்.

ஆக, மனிதர் பாஸ் ஆகவும் கூடாது, தொடர்ந்து படிக்கவும் கூடாது. இவள் வேண்டாம் என்று வெறுத்து அவராகவே ஓட வேண்டும்.

அடுத்த வாரம் முழுக்கத் திட்டினாள். அப்பா கிளீனர்களைத் திட்டி, காது வழியே சின்ன வயதில் இறங்கிய சொத்து அத்தனையும் எடுத்துச் செலவு செய்தாள்.

"இது கியரா, ஆட்டுக்கல்லா? ஏன் இந்த ஆட்டு ஆட்டறீங்க? எருமை மாடுகூட உங்களைவிட நேரா போகும்! கண்ணாடியில பின்னால வர்றவனைப் பாருங்க, உங்க மூஞ்சியைப் பாக்காதீங்க!"

சூப்பரின்டெண்டன்ட் வண்டியை ஓரமாக நிறுத்தினார். கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடிந்தது கதை, இறங்கிப் போகப்போகிறார் என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"முப்பத்தொரு வருஷ சர்வீஸ்ல என்னை யாரும் இப்படி உரிமையா திட்டினதே இல்ல டீச்சர். ஆபீஸ்ல எல்லாரும் சார் சார்னு கும்புடு போடறாங்க. நீங்க திட்டினாத்தான் மண்டையில ஏறுது. இனிமே சாயங்காலமும் ஒரு கிளாஸ் வெச்சுக்கலாம். முதலாளிகிட்ட பணம் கட்டிட்டேன்."

சாயங்காலம்தான் நத்தைகள் வெளியே வரும் நேரம். அதைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டிய நேரத்தில் அவள் ரிவர்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரத்துக்கு ஆய்வுக் குறிப்பேட்டில் ஒரு வரி இல்லை.

"என்னம்மா, உன் நத்தை உன்னைவிட வேகமா போகுது," என்றார் கைடு. "ஏதாவது குடும்பப் பிரச்சினையா?"

"கண்ணு வலி சார்," என்றாள்.

மதியச் சாப்பாட்டு நேரம் பார்த்து, அதாவது சூப்பரின்டெண்டன்ட் சீட்டில் இல்லாத நேரம் பார்த்து, அலுவலகக் கவுன்ட்டருக்கு ஓடுவாள். பைல்களை மேஜைக்கு மேஜை தூக்கிப் போகும் அட்டெண்டர் அக்கா மட்டும் அங்கே இருப்பார்.

"அக்கா, என் பைல்?"

"சார்கிட்ட இருக்கும்மா."

"பாத்துட்டாரா?"

"பாத்துக்கிட்டே இருக்காரு." அக்கா சிரித்தார். "நீங்க ஏன் எப்பவும் சாப்பாட்டு வேளையிலேயே வர்றீங்க? சார் இருக்கும்போது வாங்களேன்."

"கிளாஸ் இருக்குக்கா," என்று சொல்லிவிட்டு, எந்த கிளாஸ் என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்து படியிறங்கி ஓடினாள். போனில் ஏதாவது மெசேஜ் ஒலித்தால் பாங்கிலிருந்தோ என்று பாய்ந்து எடுப்பாள். பாதிநாள் அது சூப்பரின்டெண்டன்டாக இருக்கும். 'டீச்சர், ரவுண்டானாவில் யாருக்கு முன்னுரிமை? எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கவும்.'

டெஸ்ட் நாள் வந்தது. முந்தின மாலை அவள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு சொன்னாள்: "சார், இன்ஸ்பெக்டருக்கு ரொம்ப ஜாக்கிரதையான ஆளுங்களைத்தான் பிடிக்கும். திரும்பறதுக்கு முன்னால இண்டிகேட்டர் போடுங்க, கையை வெளிய நீட்டுங்க, அப்புறம் வாயாலயும் சத்தமா சொல்லுங்க. முதல் கியரைத் தாண்டாதீங்க."

எழுதிக்கொண்டார். மறுநாள் அப்படியே செய்தார். "இப்போது நான் இடதுபக்கம் திரும்பப்போகிறேன்!" என்று தெருவே கேட்க அறிவித்துவிட்டு, கையை நீட்டியபடி, முதல் கியரில் உறுமிக்கொண்டு அவர் திரும்பி முடிப்பதற்குள், இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்து இறங்கி நடந்தே ஆபீஸுக்குப் போய்விட்டார்.

"பெயில்!" என்றார் முதலாளி. "ஒரு மாசம் கழிச்சுத்தான் மறுபடி."

இனியாவது வேறு ஸ்கூலைப் பார்ப்பார் என்று அவள் நம்பினாள். சூப்பரின்டெண்டன்ட் சிரித்துக்கொண்டே வந்தார். "அந்த ஆளுக்குப் பொறுமை கிடையாது டீச்சர். உங்க பேர்ல தப்பே இல்ல. நாளைக்கு ஆறு மணிக்குத்தானே?"

புலிவால் கையை விட்டுப் போகாது போலிருந்தது.

அந்த ஒரு மாதத்தில் ஒரு விபரீதம் நடந்தது. மனிதர் நன்றாக ஓட்டத் தொடங்கிவிட்டார். அவள் வேண்டுமென்றே குழப்பிச் சொன்னதையெல்லாம் அவர் இரவு உட்கார்ந்து விதிப்புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, "டீச்சர், பக்கம் நாற்பத்தி ரெண்டுல வேற மாதிரி இருக்கு, நீங்க என்னைச் சோதிக்கத்தானே சொன்னீங்க?" என்று பூரித்துப்போவார். அவள் ஆமாம் என்பாள். வேறென்ன சொல்ல?

ஒருநாள் சிக்னலில் நிற்கும்போது அவராகவே சொன்னார்.

"எங்க வீட்ல அவதான் ஓட்டுவா டீச்சர். இருபது வருஷமா என்னை ஆபீஸ் வாசல்ல இறக்கிவிட்டுட்டுத்தான் அவ வேலைக்குப் போறா. மழைன்னாலும், காய்ச்சல்னாலும். இந்த வருஷம் அவளுக்கு முழங்கால் போயிடுச்சு. ஒரே ஒரு நாள் அவளைப் பக்கத்துல உக்காரவெச்சு நான் கூட்டிட்டுப் போகணும். அவ்ளோதான்."

பச்சை விழுந்தது. "உறுதியா பச்சைதானே?" என்று கேட்காமலே எடுத்தார். அவளுக்கு இந்த மனிதரைப் பிடிக்காமல் போகக்கூடாதா என்று தன்மேலேயே கோபம் வந்தது. ஆனால் பாவம் பார்த்தால் போட்டோ கண்ணாடியில் ஏறும், போட்டோ ஏறினால் நாலு வருஷ நத்தையும் மண்ணோடு மண்.

இரண்டாவது டெஸ்ட் வந்த நாள்தான் கட்டணம் கட்டக் கடைசி நாளும்.

அன்று காலை அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். எதிர்ச் சுவரோரம், கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவர் மனைவி நின்றிருந்தார். இன்ஸ்பெக்டர் பின்சீட்டில், டீச்சர் முன்சீட்டில். நேர்கோடு சுத்தம். வளைவு சுத்தம். ரிவர்ஸில் ஒரு கோட்டையும் மிதிக்கவில்லை. இன்ஸ்பெக்டரே, "ம்ம், தேறிட்டீங்களே," என்றார்.

மிச்சம் இருந்தது மேடு மட்டும். மேட்டின் பாதியில் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுக்க வேண்டும். அவர் கிளட்ச்சைப் பூப்போல விட்டார். வண்டி ஏறத் தொடங்கியது.

அவள் கால் தன் பக்கத்து பிரேக்கை மெல்ல அழுத்தியது.

எஞ்சின் ஒரு குலுக்கு குலுக்கி அணைந்தது. அவள் காலை எடுத்ததும் வண்டி ஒரு முழம் பின்னால் உருண்டது. அவ்வளவுதான். இன்ஸ்பெக்டர் பேனாவால் ஒரு கோடு இழுத்தார்.

சூப்பரின்டெண்டன்ட் திட்டவில்லை, சிரிக்கவில்லை, நோட்டைக்கூட எடுக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு இறங்கி, மனைவியின் பக்கம் போய் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். இருவரும் மெதுவாக நடந்து, அவர்கள் காரில் ஏறினார்கள். அந்த அம்மாள்தான் ஓட்டினார்.

அவளுக்குத் தாங்கவில்லை. வெட்கமாக இருந்தது. பட்டம் கிடைக்காவிட்டால் போகிறது, லாரி ஓட்டிப் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் இப்படி ஒரு மனிதரைக் கீழே தள்ளி வாங்கும் பட்டத்தை எந்தச் சுவரில் மாட்டுவது? எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். நான்தான் அந்த நத்தைப் பொண்ணு, பிரேக் போட்டதும் நான்தான், என்ன செய்வீர்களோ செய்யுங்கள். முதல்முறையாகச் சாப்பாட்டு வேளை பார்க்காமல், தொப்பி இல்லாமல், காலை பதினொரு மணிக்கே உதவித்தொகைப் பிரிவுக்குள் நுழைந்தாள்.

நாற்காலி காலியாக இருந்தது.

"சார் இன்னிக்கு லீவும்மா," என்றார் அட்டெண்டர் அக்கா, பைல் கட்டைக் கீழே வைத்துவிட்டு.

"அக்கா, நான் சார்கிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும். நான் ஒரு வேலைக்குப் போயிட்டிருக்கேன். அந்த விதிமுறைப்படி அது..."

"டிரைவிங் ஸ்கூல்லதானே?"



அக்கா கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பூட்டியிருந்த மேஜை டிராயரை விரலால் தட்டிக் காட்டிக் குரலைத் தாழ்த்தினார்.

"பைலைத் தொறந்தா உங்க போட்டோதான மொதல்ல இருக்கு, சாருக்குத் தெரியாதா? ரெண்டு மாசம் முன்னாடியே கையெழுத்தெல்லாம் போட்டு இதுக்குள்ளதான் வெச்சிருக்காரு... 'பணம் கைக்கு வந்துட்டா டீச்சர் வேலையை விட்டுட்டுப் போயிடுவாங்க, நான் பாஸ் பண்ற அன்னிக்கே அனுப்பிடறேன்'னாரு. ஆமா, டெஸ்ட் இன்னிக்குத்தானே? சார் பாஸ்தானே?"