அப்பாவை அழைத்துப் போகவும்

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

உன் உடம்புக்கும் அத்தானின் முதுகுக்கும் ஒரு குறையும் வராதிருக்கட்டும். இங்கே உடம்பளவில் எல்லோரும் நலம். மற்றதைக் கீழே எழுதுகிறேன்.

மேலாண்மைக் கல்லூரியில் அப்பாவுக்கு விழா எடுக்கிறார்கள், விழா மலருக்கு 'பேராசிரியரின் வாழ்வும் பணியும்' என்று ஒரு பக்கம் எழுதிக் கொடு, கூடவே இருப்பவன் நீதானே என்று கேட்டிருந்தாய். கூடவே இருப்பதால்தான் எழுத முடியவில்லை. அவர் வகுப்பில் பாடமே நடத்தியதில்லை என்பது உனக்குத் தெரியும், ஏதாவது ஒரு கம்பெனியின் தலைவலியைச் சொல்லி, "நீங்க முதலாளியா இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று ஒருவனை நோக்கி விரலை நீட்டுவார், வாய் திறந்தவனுக்கெல்லாம் மார்க். அவர் ஓய்வு பெற்றார், அந்த விரல் ஓய்வு பெறவில்லை. போன மாதம் குளியலறைக் குழாய் உடைந்து கூடம் வரை தண்ணீர் வந்துவிட்டது, பிளம்பர் பையைத் திறக்கிறார், இவர் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அவசரப்படாதீங்க. இதுல பிரச்சினை எது, அறிகுறி எது?" என்கிறார். பிளம்பர் என் காதருகே வந்து, "பெரியவருக்கு உடம்பு ஏதும் சரியில்லையா சார்?" என்றார். அப்பா, "நல்ல கேள்வி!" என்று அவருக்கு மார்க் போட்டார். "மாமா, முதல்ல மெயின் வால்வை மூடணும்" என்று என் மனைவி கத்தினாள். "நியாயமான யோசனை. மாற்றுக் கருத்து?" தண்ணீர் மாற்றுக் கருத்துக்குக் காத்திருக்கவில்லை, என் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டு போயிற்று.

அப்பாவைப் பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டர் பல்லை எடுத்துவிடலாம் என்றார். "எடுக்கலேன்னா?" என்று ஆரம்பித்த அப்பா, வெளியே காத்திருந்த நோயாளிகளை இரண்டு அணியாகப் பிரித்து விவாதம் நடத்தினார். எடுக்க வேண்டாம் என்ற அணி வென்றது. வென்ற அணி வீட்டுக்குப் போய்விட்டது. வீங்கிய கன்னத்தோடு என் வீட்டுக்கு வந்தவர் அப்பா. வீட்டில் சாப்பாட்டு மேசையிலும் பேசினால்தான் மார்க். மனைவி முதலிடம், வாயில் சோற்றோடு பேசும் மகள் இரண்டாமிடம், நிம்மதியாகச் சாப்பிட நினைக்கும் நான் கடைசி.

எனக்கு இது புதிதல்ல. அவர் வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்தவன் நான். மகனுக்குச் சலுகை காட்டினார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். அந்த விரல் என் இடப்பக்கத்தவனைக் காட்டும், வலப்பக்கத்தவனைக் காட்டும், என்னை மட்டும் தாண்டும். கடைசியில், பேசவில்லை என்று மார்க்கைக் குறைத்தவரும் அவரே. அந்த இடப்பக்கத்தவன் இன்று பெரிய கம்பெனித் தலைவன், விழாவுக்கு மாலையோடு வருகிறானாம். நான் அலுவலகத்தில் அடுத்தவன் கையெழுத்துப் போடுவதற்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே, விழா முடிந்த கையோடு அப்பாவை உன் வீட்டுக்கு அழைத்துப் போ. நிரந்தரமாக. மாடியறை சும்மாதானே கிடக்கிறது? பேச ஆளில்லை என்று அத்தான் புலம்புவாரே, இனி அதற்கு நேரமிருக்காது. மலரில் 'பலரை ஆளாக்கியவர்' என்று ஒரே வரி போட்டுக்கொள். 'என்னைத் தவிர' என்பதை நான் மனதுக்குள் படித்துக்கொள்கிறேன்.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உன் வீடு நிறைந்திருக்கட்டும். அதற்குத்தான் ஆள் அனுப்புகிறேன்.

உன் பொறுமையை நம்பியிருக்கும்
தம்பி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மனைவி விஷயத்தை அப்பாவிடம் போட்டு உடைத்துவிட்டாள். அவர் கோபப்படவில்லை. எல்லோரையும் மேசையைச் சுற்றி உட்கார வைத்து, "இந்த வீட்டுல யார் இடம் மாறணும்?" என்று விரலை நேராக என் பக்கம் நீட்டினார். அக்கா, நான் பேசினேன். மனதில் இருந்த அத்தனையையும் மூச்சு விடாமல் பேசினேன். பிறகு வாக்கெடுப்பு. "நீங்களே கொஞ்ச நாள் அத்தை வீட்டுல இருந்துட்டு வாங்களேன்ப்பா, எல்லாருக்கும் நல்லது" என்று மகள் கை தூக்கினாள், மனைவியும் தூக்கினாள். அப்பா நடுநிலை. ஆனால் மார்க் போடும்போது, "முடிவு தப்பு, வாதம் பிரமாதம்" என்று முதலிடத்தை எனக்குக் கொடுத்தார். மனைவிக்கு இரண்டாவதுதான். எனவே மாடியறையைப் பெருக்கி வை, ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். மலருக்கு நானே எழுதிக்கொண்டு வருகிறேன். ஒரு பக்கம் போதாது, நாலு பக்கமாவது ஒதுக்கச் சொல்.