பெயர் நாளில் செத்துப்போன சிம்

“சிம் கார்டை எதுல சார் கழுவினீங்க?”

“சிப்புரோவுல.”

தட்டச்சு செய்துகொண்டிருந்த மிர்சினியின் விரல்கள் நின்றுவிட்டன. வோலோஸ் ஊரில் சிப்புரோ என்கிற வெள்ளைச் சாராயத்தைச் சளிக்கு நெஞ்சில் தேய்ப்பார்கள், பல்வலிக்கு வாயில் அதக்குவார்கள், உடம்பு நன்றாக இருக்கிற நாட்களில் குடிப்பார்கள். சிம் கார்டைக் குளிப்பாட்டியதாக, அந்த செல்போன் கடையில் உட்கார்ந்த நாளிலிருந்து அவள் கேள்விப்பட்டதில்லை.

“நல்ல சரக்கும்மா, கலப்படம் கிடையாது” என்றார் மார்க்கோஸ், குறை சரக்கில் இருக்குமோ என்று அவள் நினைத்துவிடக் கூடாதே என்று. “ரெண்டு நாளா சிக்னல் வர்றதும் போறதுமா இருந்துச்சு. அழுக்கா இருக்கும்னு என் வீட்டுக்காரி கம்மலால குத்தி வெளிய எடுத்தேன். கழுவினதும் பளபளன்னு ஆயிடுச்சு.”

“அப்புறம்?”

“வழுக்கிடுச்சு. பாத்திரம் கழுவற தொட்டி ஓட்டைக்குள்ள போயிடுச்சு.”

“எடுக்க முடியலையா?”

“சுடுதண்ணி ஊத்தினா மேல வரும்னு ஊத்தினேன்.”

மிர்சினிக்கு இருபத்திரண்டு வயது. சிரிக்கக் கூடாது என்று கடையில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவள் கீழே எதையோ தேடுவதுபோல் குனிந்து, சிரித்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

மார்க்கோஸ் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். இன்றைக்கு விடுப்பு. காரணம், இன்று ஏப்ரல் இருபத்தைந்து, புனித மாற்குவின் திருநாள். அதாவது மார்க்கோஸ் என்று பெயர் வைத்த அத்தனை பேருக்கும் பெயர் நாள். பிறந்த நாளை மறந்தால்கூட இந்த ஊரில் மன்னிப்பு உண்டு. பெயர் நாளன்று தெரிந்தவர், தெரியாதவர், திட்டினவர் எல்லோரும் போன் போட்டு ‘பல்லாண்டு வாழ்க’ என்று சொல்லியே ஆகவேண்டும். பேசாமல் இருக்கிறவர்களுக்கு மறுபடி பேச ஆரம்பிக்க இதைவிட நல்ல சாக்கும் கிடையாது.

அவருக்கு வேண்டியது அந்தச் சாக்குதான். தம்பி ஸ்திராத்திஸ் அவரோடு பேசி மூன்று வருஷம் ஆகிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஈஸ்டரன்று கம்பியில் கோத்த முழு ஆட்டைச் சுடும்போது ஒரு பக்கம் கரிக்கட்டையாகிவிட்டது. “நீ கம்பியைச் சுத்தல” என்றான் தம்பி. “நீ கரியை அள்ளிக் கொட்டிட்டே” என்றார் அண்ணன். இருபது சொந்தக்காரர்கள் ரொட்டியும் கீரையும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். முதலில் பேசுகிறவன்தான் ஆட்டைக் கருக்கியவன் என்று ஆகிவிட்டது. அதனால் இருவருமே பேசவில்லை. போன வாரம் தம்பி மகள் பேருந்தில் ஏறியபோது, “அப்பா உங்க பெயர் நாளுக்குக் கட்டாயம் கூப்பிடுவேன்னு சொல்லிட்டிருக்காரு பெரியப்பா” என்று காதோடு சொல்லிவிட்டு இறங்கினாள். அன்றிலிருந்து மார்க்கோஸுக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. தம்பி இல்லாமல் அவருக்கு ரொம்பவும் வெறுமையாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆக, இன்றைக்குப் பார்த்து போன் செத்துவிட்டது.

“கவலைப்படாதீங்க. இ-சிம் போட்டுடலாம்” என்றாள் மிர்சினி. “அட்டையே கிடையாது. எல்லாம் போனுக்கு உள்ளேயே.”

“அட்டை இல்லையா?”

“கழுவவும் முடியாது, தொலைக்கவும் முடியாது.”

இந்த யோசனை மார்க்கோஸுக்குப் பிடித்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் கையிலிருந்த இனிப்புப் பெட்டியைத் திறந்து நீட்டினார். பெயர் நாள்காரன்தான் ஊருக்கு இனிப்புக் கொடுக்கவேண்டும். பாலும் வெண்ணெயும் பாகும் சொட்டுகிற கலக்டபூரிகோ. காலையில் இனிப்புக் கடைக்காரர் “நோன்புக்கு ஒத்துக்கிறது தரட்டுமா, பால் போட்டது தரட்டுமா?” என்று கேட்டார். “பால்தான்யா! விசேஷம் எனக்கு!” என்று அதட்டி வாங்கி வந்தது.

கிளம்பும்போது நீட்டிய அதே இனிப்பைப் பக்கத்து வீட்டு எவாந்தியா அம்மா தொடவில்லை. “ஈஸ்டர் வரைக்கும் தவக்கால நோன்புடா மார்க்கோஸு, பால் ஆகாது. ஆமா, எதுக்கு இனிப்பு?” என்று கேட்டாள். எதுக்கா? முப்பது வருஷம் சுவருக்குச் சுவர் இருந்துவிட்டு, எதுக்கா? மனசு சுருக்கென்றது. பெட்டியை மூடிக்கொண்டு படியிறங்கி வந்துவிட்டார்.

மிர்சினி நோன்பு இருக்கிற பெண் இல்லை. இரண்டு துண்டு எடுத்துக்கொண்டாள். “பெயர் நாளா? பல்லாண்டு வாழ்க சார்! இருங்க, உங்க மெயிலுக்கு ஒரு க்யூஆர் படம் அனுப்பறேன். அதைப் போன்ல காட்டினா முடிஞ்சது.”

கடைக் கணினியில் மெயிலைத் திறந்தால், இது நீங்கள்தானா என்று சந்தேகமாக இருக்கிறது, உங்கள் போனுக்கு ஒரு எண் அனுப்பியிருக்கிறோம், அதைப் போடுங்கள் என்றது.

“போன்தான் செத்துப்போச்சே?”

“ஆமா சார். அந்த எண் வர்றதுக்கு சிம் வேணும்.”

“சிம் வர்றதுக்கு?”

“அந்த எண் வேணும்.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மார்க்கோஸ் இன்னொரு இனிப்பை நீட்டினார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

கடைசியில் மிர்சினி மெயிலை விட்டுவிட்டு, அந்தப் படத்தைக் காகிதத்தில் அச்சிட்டுக் கொடுத்து, கடையின் வைஃபையில் போனை இணைத்து, இ-சிம்மை ஏற்றியும் விட்டாள். “கொஞ்ச நேரத்துல உயிர் வந்துடும். எதையும் தொடாம இருங்க. அது போதும்.”

எதையும் தொடாமல் இருப்பது மார்க்கோஸின் பரம்பரையிலேயே கிடையாது.

சாயங்காலம் வாழ்த்த வருகிறவர்கள் முன்னால் முகம் பளிச்சென்று இருக்கவேண்டும் என்று சவரக்கடைக்குப் போனார். போகிற வழியில் காப்பிக்கடை மார்க்கோஸ் வாசலில் நாற்காலி போட்டு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் இன்றுதானே பெயர் நாள்? ஒரு தட்டில் நாலு இனிப்பு வைத்திருக்கக் கூடாதா? ‘கஞ்சன்’ என்று மனசுக்குள் திட்டிவிட்டு நடந்தார்.

சவரக்கடை ஆகிஸுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை. “இன்னும் வரலையா? எங்க வீட்டு டிவியும் இப்படித்தான். அழிச்சுட்டு மறுபடி போட்டா கும்முனு வந்துடும்.”

“அழிக்கலாமா?”

“பயந்தா ஒண்ணும் நடக்காது மார்க்கோஸ்!”

பாதி முகத்தில் சோப்பு நுரையோடு மார்க்கோஸ் ‘இ-சிம்மை அழி’ என்பதை அழுத்தினார். நிச்சயமாகவா என்று கேட்டது. நிச்சயம் என்றார். இதை மறுபடி கொண்டுவர முடியாது என்றது. ஆகிஸ் தலையை ஆட்டினான். அழுத்தினார்.

பிறகு அந்தக் காகிதத்தைப் போனுக்குக் காட்டினார்கள். ‘இந்தப் படம் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டுவிட்டது’ என்றது போன். காகிதத்தைத் திருப்பிக் காட்டினார்கள். தலைகீழாகக் காட்டினார்கள். நுரையைத் துடைத்துவிட்டுக் காட்டினார்கள்.

“உன் போன் மட்டம்” என்று ஆகிஸ் தீர்ப்புச் சொல்லிவிட்டு, மீசையை எடுப்பதா வைப்பதா என்று கேட்டான்.

மார்க்கோஸ் மறுபடி கடைக்குள் நுழைந்தபோது மிர்சினி அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். ஒரு கன்னம் மழித்திருந்தது, மற்றது மழிக்கவில்லை.

“தொட்டீங்களா?”

“அழிச்சுட்டேன்மா.”

“ஐயோ சார்! அந்தப் படம் ஒரே ஒரு தடவைதான் வேலை செய்யும். ஒரே நாள்ல ரெண்டாவது இ-சிம் கேட்டா, யாரோ திருடன் உங்க நம்பரைத் தூக்கப் பாக்கறான்னு இது நினைக்கும்.” திரையில் சிவப்பாக ஒரு கட்டம் வந்தது. “பாருங்க, நினைச்சுடுச்சு. நீங்கதான் நீங்கன்னு நிரூபிக்கணும்.”

“அடையாள அட்டை இருக்கே.”

“அந்த போட்டோல ரெண்டு கன்னமும் ஒரே மாதிரி இருக்கு சார். அது போதாதாம், ரகசியக் கேள்வியும் கேக்குது. இணைப்பு வாங்கினப்ப நீங்களே கொடுத்த பதில். ‘உங்களுடைய மிக நெருங்கிய நண்பர் யார்?’”

மார்க்கோஸ் தொண்டையைச் செருமினார். “பொலிக்ஸேனி. என் மனைவி.”

“இல்லையாம்.”

“அவகிட்ட சொல்லிடாதே. பாட்ராவுல பொண்ணு வீட்டுக்குப் போயிருக்கா.” எந்தப் புனிதருக்கு எந்த நாள், யாருக்கு என்ன வாழ்த்து என்பதெல்லாம் பொலிக்ஸேனியின் இலாகா. அவள் ஊரில் இல்லாத முதல் பெயர் நாளிலேயே இந்தக் கூத்து. “ஆகிஸ்னு போடு.”

“இல்லை சார். இன்னும் ஒரே ஒரு தடவைதான். தப்பாச்சுன்னா நம்பரைப் பூட்டிடும்.”

பின்னால் வரிசையில் நின்ற ஆறேழு பேரும் அவர் கொடுத்த இனிப்பை மென்றபடி கழுத்தை நீட்டினார்கள். மார்க்கோஸுக்கு அந்தப் பதில் முதலிலிருந்தே தெரியும். வாயால் சொல்லத்தான் மனசு வரவில்லை.

“ஸ்திராத்திஸ்” என்றார், தரையைப் பார்த்து.

சிவப்புக் கட்டம் பச்சையானது. வரிசை கைதட்டியது.

“யார் சார் ஸ்திராத்திஸ்?”

“யாரோ ஒருத்தன். சர்ச்ல பாடுவான்.” கொஞ்சம் பொறுத்து, “என் தம்பி” என்றார்.

மிர்சினி புது இ-சிம்மை ஏற்றி, போனை அவர் கையில் கொடுக்காமல் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். “சாயங்காலத்துக்குள்ள வந்துடும்.”

“அதுவரைக்கும் யாராவது கூப்பிட்டா அவங்களுக்கு என்ன கேக்கும்?”

“‘நீங்கள் அழைக்கும் எண் உபயோகத்தில் இல்லை’ன்னு ஒரு பொம்பளக் குரல் கேக்கும்.”

மார்க்கோஸ் தம்பியை நினைத்தார். மூன்று வருஷம் வீம்பாக இருந்தவன், மனசு இறங்கிக் கூப்பிட்டிருப்பான். அண்ணன் நம்பரையே மாற்றிவிட்டான் என்று அந்தப் பெண் சொல்லியிருப்பாள். இனி அவன் இந்த ஜென்மத்தில் கூப்பிடுவானா?

“அம்மா, உங்க கடை போனைக் குடு.”

தம்பி இன்னும் அப்பா வீட்டில்தான் இருக்கிறான். அந்த வீட்டுத் தரைவழி எண் மார்க்கோஸின் விரல்களுக்கே தெரியும்.

“ஹலோ?” என்றது அந்தக் குரல். மூன்று வருஷத்தில் கொஞ்சமும் மாறவில்லை.

“டேய், நான்தான்டா. நீ கூப்பிட்டிருப்பே, எனக்குத் தெரியும். என் பெயர் நாளாச்சே, கூப்பிடாம இருப்பியா? போன் செத்துப்போச்சுடா. நம்பரெல்லாம் மாத்தல. சிம்மைக் கழுவிட்டேன், அது ஒரு பெரிய கதை. உன்னைக் காக்க வெச்சுட்டேன், மன்னிச்சுடுடா.”

மறுமுனையில் அடுப்பில் பீன்ஸ் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

“ஸ்திராத்திஸ்? கூப்பிட்டியா, இல்லையாடா?”

“கூப்பிட்டேண்ணே” என்றான் தம்பி, மெதுவாக. “காலையிலேர்ந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன். விரலே தேஞ்சுபோச்சு.”

மார்க்கோஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. இப்படிப்பட்ட தம்பியிடமா இத்தனை நாள் ரோஷம் காட்டினோம் என்று இருந்தது. அந்த வேகத்தில், எந்தப் போலீஸ் அடித்திருந்தாலும் வாயிலிருந்து வந்திருக்காத விஷயம் வந்துவிட்டது.

“ஆட்டைக் கருக்கினது நான்தான்டா! கம்பியை அப்படியே விட்டுட்டு, பின்பக்கம் சிப்புரோ குடிக்கப் போயிட்டேன்! கரி மேல ஒரு தப்பும் இல்ல!”

“எனக்குத் தெரியும்ணே. கரியை நான்தானே அளவாப் போட்டேன்.” அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “வர்ற ஈஸ்டருக்கு வந்துடு. கம்பியை நான் சுத்தறேன். நீ குடி.”

கடையில் இருந்த எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பெட்டி காலியாகியிருந்தது.

சாயங்காலம் மார்க்கோஸ் புதுச் சட்டை போட்டு, மறு கன்னத்தையும் மழித்து, பால்கனியில் உட்கார்ந்தார். மேசை மேல் கிளாஸ்களை வரிசையாக வைத்திருந்தார். மிர்சினி திருப்பிக் கொடுத்த போனுக்கு உயிர் வந்திருந்தது. சிக்னல் கோடுகள் எல்லாம் நிமிர்ந்து நின்றன. அவர் காத்திருந்தார்.

போன் அடிக்கவில்லை. வாசல் மணியும் அடிக்கவில்லை. ரிப்பேரோ என்று எழுந்து போய் மணியைத் தானே ஒருமுறை அடித்துப் பார்த்தார். அடித்தது.

பக்கத்துப் பால்கனியில் எவாந்தியா அம்மா துளசித் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“பாத்தீங்களாம்மா இந்த ஊரை?” என்றார் மார்க்கோஸ். “முப்பது வருஷம் பஸ்ல ஏத்தி இறக்கியிருக்கேன். என் பெயர் நாளுக்கு ஒருத்தன் கூப்பிடல. ஒருத்தன் வரல. நீங்களே எதுக்கு இனிப்புன்னு கேட்டீங்க. ரத்த சொந்தம்னா சும்மாவா? என் தம்பி ஒருத்தன்தான் காலையிலேர்ந்து விரல் தேயத் தேயக் கூப்பிட்டிருக்கான்.”

எவாந்தியா அம்மா தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தாள்.

“என்னடா உளர்றே? மாற்கு நாள் நோன்புக்குள்ள விழுந்துடுச்சு, அதனால இந்த வருஷம் ஈஸ்டர் கழிஞ்ச செவ்வாய்க்கிழமைதான்னு போன ஞாயித்துக்கிழமை சர்ச்ல எழுந்து நின்னு எல்லாருக்கும் சொன்னதே உன் தம்பிதானேடா!”