நிற்க மறுத்த கைக்கடிகாரம்

யாரையும் நம்பக் கூடாது என்பது எடை ஆய்வாளரின் கொள்கை. கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதிப்பது அவர் உத்தியோகம். தட்டுக்கு அடியில் ஒட்டிய காந்தம், உள்ளே குடைந்த படிக்கல் என்று அவர் பார்க்காத தில்லுமுல்லு இல்லை. பத்தொன்பது வருஷம் இதையே பார்த்தால் மனிதர் என்ன ஆவார்? வீட்டுக்கு வரும் பாலைக்கூட அளந்த பிறகுதான் காய்ச்ச விடுவார்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு நாள் காலை முகத்தில் பாதி சோப்போடு ஒரு முடிவுக்கு வந்தார். உயர்ந்த ரகக் கைக்கடிகாரம் ஒன்றை, ஏமாறாமல், வாங்கியே தீருவது. புதிதாக வாங்க அவர் என்ன கப்பல் முதலாளியா? இன்னொருவர் கட்டியதுதான். எவர் கட்டினால் என்ன, மணி ஒன்றுதானே.

காரணம் சகலை, அதாவது மைத்துனியின் கணவர். போன குடும்ப விருந்தில் சகலை ஒரு பெரிய கடிகாரத்தோடு வந்தார். வியர்க்காத வேளையில் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துக்கொண்டார். எதிரே சுவரில் கடிகாரம் மாட்டியிருந்தும் மாமனார் அவரிடம்தான் மணி கேட்டார். மூன்று தடவை கேட்டார். அன்று எடை ஆய்வாளருக்குச் சோறு இறங்கவில்லை. இந்த மாதக் கடைசி ஞாயிறு மாமனாருக்கு எழுபதாவது பிறந்தநாள். அன்றைக்கு மாமனார் மணி கேட்க வேண்டும், இவர் சொல்ல வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

ஆனால் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. ஒருவரை ஒருவர் கேட்காமல் இந்த வருஷம் எதுவும் வாங்குவதில்லை. மனைவி சோபா கேட்ட அன்று அவரே இயற்றிய சட்டம். மனைவியோ ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். வயிற்றுவலி என்று வருகிறவனிடமிருந்து, முந்தாநாள் அவன் யாருக்குத் தெரியாமல் என்ன தின்றான் என்பதை மூன்றே கேள்வியில் வரவழைத்துவிடுவாள். காரியம் ரகசியமாகத்தான் நடந்தாக வேண்டும்.

ஒன்பது கடை ஏறி இறங்கினார். ஒருவனும் தேறவில்லை. பத்தாவது, ஒரு குறுகிய மாடிப்படிக்கு மேலே இருந்தது. ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிய கடைக்காரர் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இதுல என்ன குறை?" என்றார் ஆய்வாளர், ஒரு கடிகாரத்தைக் காட்டி.

"கண்ணாடி மாத்தினது. பக்கத்துல ஒரு கீறல், பாருங்க. ஒரு நாளைக்கு நாலு செகண்ட் முன்னாடி ஓடும்."

"பெட்டி?"

"பெட்டி இதோடது இல்ல சார். வேற வாட்சோடது. நான் சொல்லலேன்னா உங்களுக்குத் தெரியாது. ஆனா கேட்டா சொல்லிடுவேன். கேக்கறவங்க யாரா இருந்தாலும் பொய் சொல்ற பழக்கம் இல்ல."

ஆய்வாளர் கடைக்காரரை ஏற இறங்கப் பார்த்தார். இப்படி ஒருவரைத்தானே பத்தொன்பது வருஷமாகத் தேடினார். பின்மூடியைத் திறந்து எண்ணைப் பார்த்தார், பழுது பார்த்த சீட்டுகளைப் படித்தார், முன்னால் கட்டியவர் ஒரு கப்பல் டாக்டர் என்பது வரை விசாரித்தார். பிடித்தாலும் புளியங்கொம்பாகப் பிடித்தோம் என்று பூரித்துப்போய் வாங்கினார்.

"இதுக்குச் சாவி, பேட்டரி எதுவும் வேண்டாம்," என்றார் கடைக்காரர். "கை அசைஞ்சா ஓடும். கழட்டி வச்சா ரெண்டு நாள்ல நின்னுடும். பயந்துடாதீங்க."

வீட்டில் அலமாரிக்குள் ஆய்வாளரின் பழைய படிக்கல் பெட்டி ஒன்று உண்டு. மனைவி அதைத் தொட்டு ஏழெட்டு வருஷம் இருக்கும். கடிகாரத்தையும் கடை ரசீதையும் அதற்குள் வைத்து, மேலே இரண்டு கிலோ கல்லையும் வைத்தார்.

நாலாம் நாள் ஆசை தாங்காமல் எட்டிப் பார்த்தார். விநாடி முள் ஓடிக்கொண்டிருந்தது. மணியும் சரி.

நின்றிருக்க வேண்டுமே? ஆறாம் நாள் பார்த்தார். ஓடியது. எட்டாம் நாளும் ஓடியது. ஒருவேளை வீடு ஆடுகிறதோ என்று ஒரு டம்ளர் தண்ணீரை அலமாரியில் வைத்து அரைமணி நேரம் உற்றுப் பார்த்தார். தண்ணீர் ஆடவில்லை. பக்கத்து வீட்டு மாவு மிஷினைச் சந்தேகித்தார். அது ரிப்பேராகி இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஆர்வம் தாங்காமல் கடைக்கு ஓடினார்.

கடைக்காரர் திறந்து பார்த்து மூடினார். "வாட்ச் சரியாத்தான் இருக்கு. யாரோ கட்டறாங்க."

"யாரு?"

"உங்க வீட்டம்மாதான்."

"அது எப்படி உங்களுக்குத் தெரியும்?"

"செயின் லூசா இருக்குன்னு போன வாரம் ரசீதோட வந்தாங்க. ரெண்டு கண்ணி எடுத்துக் குடுத்தேன். நாடி பாக்க விநாடி முள் ரொம்பத் தெளிவா இருக்காம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கேட்டதைச் சொன்னேன். என்னைக்கு வாங்கினீங்க, என்ன விலைக்கு வாங்கினீங்கன்னு. எதுக்கு வாங்கினீங்கன்னும் கேட்டாங்க. மாமனார் வீட்டு விருந்துக்குன்னு நீங்கதான் சொன்னீங்களே."

"ஏங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கலையே சார்."

ஆய்வாளர் கடிகாரத்தைக் கையில் மாட்டிப் பார்த்தார். கொக்கி எட்டவில்லை. இழுத்தார். கைதான் சிவந்தது.

"அந்த ரெண்டு கண்ணியையும் திரும்பப் போட்டுக் குடுங்க."

"கண்ணி அம்மாகிட்ட இருக்கு. வாங்கிட்டு வாங்க, ஒரு நிமிஷ வேலை."

வாங்கிக்கொண்டு வருவதாம். என்னவென்று சொல்லிக் கேட்பது? திருடனுக்குத் தேள் கொட்டியது போல வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு வந்து, கடிகாரத்தைப் பழைய இடத்திலேயே வைத்தார். சனிக்கிழமை சாயங்காலம் மெதுவாக ஆரம்பித்தார்.

"நம்ம வீட்ல இரும்புல சின்னதா ஏதாவது கிடந்துச்சா?"

"என்னது?"

"கண்ணி மாதிரி. ரெண்டு."

"எதோட கண்ணி?"

"ஆபீஸ்ல ஒருத்தரோடது."

"ஆபீஸ்ல தொலைஞ்சதை வீட்ல ஏன் தேடறீங்க? எதுக்குன்னு சொன்னா நானும் தேடறேன்."

"ஒண்ணுமில்ல, விடு."

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நாடியை எண்ணினாள். "நூத்திப் பத்து. மனசுல ஏதோ வச்சிருக்கீங்க. சொல்லிட்டா இறங்கிடும்."

அவர் சொல்லவில்லை. ராத்திரி பூரா அது இறங்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மனைவி புதுப்புடவையில் வெளியே வந்தாள். மணிக்கட்டில் கடிகாரம் பளபளவென்று மின்னியது. "போலாமாங்க?" என்றாள். ஆய்வாளர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு செருப்பைப் பார்த்தார். "போலாம்," என்றார்.

மாமனார் வீட்டில் முதலில் பார்த்தது மைத்துனிதான். "அக்கா, ஏது இது?"

"உங்க அத்தான் வாங்கினார்டி. எனக்குத் தெரியாம ஒளிச்சு வச்சு, திடீர்னு குடுக்கணும்னு நினைச்சார். பாவம், நான் கண்டுபிடிச்சுட்டேன்."

"பொண்டாட்டி மேல இப்படில்ல பாசம் வேணும்," என்று மாமனார் நெகிழ்ந்துபோய் ஆய்வாளரின் தோளைத் தட்டினார். ஆய்வாளர் சிரித்தார். வேறு என்ன செய்வது? பிறகு மாமனார் மணி கேட்டார். நர்ஸம்மா சொன்னாள்.

அப்போதுதான் சகலை அவரைக் கண்ஜாடை காட்டிக் கொல்லைப்பக்கம் அழைத்தார். ஆய்வாளருக்கு உயிர் திரும்பி வந்தது. கையில் இல்லாவிட்டால் என்ன, கடிகாரம் தன் வீட்டுக் கடிகாரம்தானே. சகலைக்கு வயிறு எரிகிறது. அதை இரண்டு வார்த்தையாகக் காதால் கேட்டுவிட்டால் போதும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார்.

சகலை சட்டைக் கையை மணிக்கட்டு வரை இறக்கிப் பொத்தான் போட்டிருந்தார். உள்ளே மைத்துனி தன் கையை அக்கா கையோடு சேர்த்து வைத்து, இரண்டு கடிகாரத்தில் எது பெரிசு என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சகலை குரலைத் தாழ்த்தினார். "அக்கா அதை எப்பவாவது கழட்டி வைப்பாங்களா சகலை? எங்க வீட்ல குளிக்கப் போறப்ப மட்டும்தான். அந்தப் பத்து நிமிஷம் நான் கையில வச்சுப் பாத்துக்குவேன்."