அசலுக்கு மட்டும்

"பாங்க்காரன் நன்றி சொல்லி லெட்டர் போட்டிருக்கான்," என்றார் ஜம்புநாதன்.

"நல்லதுதானே?" என்றாள் விசாலாக்ஷி, அடுப்பைப் பார்த்தபடி.

"என்ன நல்லது? அசல்ல கழிச்சுக்கோன்னு ஐந்நூத்தியொரு டாலர் எக்ஸ்ட்ராவா அனுப்பினேன். அதை அடுத்த மாசத் தவணைக்கு அட்வான்ஸா எடுத்துக்கிட்டானாம். முன்கூட்டியே கட்டினதுக்கு நன்றியாம்."

ஆபீஸிலிருந்து வந்தவர் கோட்டைக் கழற்றவில்லை. வீட்டுக்குள் யாருமே கோட்டைக் கழற்றுவதில்லை. ஹீட்டர் ஐம்பத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். சாப்பாட்டு மேஜையில் பதினோரு வயது ஸ்வர்ணா கையுறையோடு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"டாட், ஐ கேன் ஸீ மை ப்ரெத்."

"ஐம்பத்தெட்டுல மூச்சு கண்ணுக்குத் தெரியாதும்மா. அது ஃபிஸிக்ஸ்," என்றார் ஜம்புநாதன். மனிதர் இன்ஜினீயர். குளிருக்கும் விளக்கம் சொல்வாரே தவிர ஹீட்டரைத் தொட மாட்டார்.

எல்லாம் அந்த வீட்டுக் கடனால் வந்த வினை. எண்பத்திரண்டில் மான்மவுத் ஜங்ஷனில் வீடு வாங்கினார்கள். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அறுபத்திரண்டாயிரம் டாலர் கடன், முப்பது வருஷம், பதின்மூன்றேகால் வட்டி. அந்த வருஷம் அந்த வட்டிக்குக் கிடைத்ததே அதிர்ஷ்டம் என்று வீட்டு ஏஜெண்ட் கை குலுக்கினான். மூன்று வருஷம் கழித்து பாங்கிலிருந்து வந்த கணக்கை ஜம்புநாதன் நிதானமாகப் படித்துப் பார்த்தார். கட்டியது இருபத்தைந்தாயிரம். அசலில் குறைந்தது ஐந்நூற்றுத் தொண்ணூறு. வீட்டின் பரப்பளவை வைத்துக் கணக்குப் போட்டால், மூன்று வருஷ உழைப்பில் அவருக்குச் சொந்தமானது பதின்மூன்று சதுர அடி. வாசலில் ஷூ கழற்றி வைக்கிற இடம். அவ்வளவுதான்.

அன்றைக்கு ஒரு சபதம் எடுத்தார். மாதாமாதம் தவணைக்கு மேல் ஐந்நூறு டாலர் கட்டுவது. முப்பது வருஷக் கடனை இன்னும் ஆறே வருஷத்தில் முடிப்பது. முடிந்த மறுநாள் வீட்டை விற்றுவிட்டுத் திருச்சிக்குப் ப்ளேன் ஏறுவது.

"இங்க வட்டி கட்டினவன் அங்க வட்டி வாங்கிச் சாப்பிடணும்," என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அந்த நேரங்களில் விசாலாக்ஷி எழுந்து போய் எல்லோருக்கும் இன்னும் கொஞ்சம் சாதம் போடுவாள்.

ஐந்நூறுக்காக மனிதர் ஓடாய்த் தேய்ந்தார். சனிக்கிழமைகளில் பிரின்ஸ்டனில் ஒரு சர்வேயரிடம் படம் வரைந்து கொடுத்தார். மத்தியானச் சாப்பாடு வீட்டிலிருந்து தயிர்சாதம். முடி வெட்டுவது விசாலாக்ஷி. ஐந்நூறு என்று சைபரில் முடிந்தால் விருத்தியாகாது என்று, மொய் எழுதுகிற மாதிரி ஒரு டாலர் சேர்க்கச் சொன்னதும் அவள்தான். முதல் செக்கின் நாலு மூலைக்கும் மஞ்சள் தடவினாள். அவள் உதவியாளாக வேலை பார்க்கிற பள்ளிக்கூட நூலகத்துக்குப் போகிற வழியில் தபாலில் போட்டதும் அவளே.

"உன் மஞ்சள் பட்டுத்தான் அவங்க கம்ப்யூட்டர் குழம்பிப்போச்சு," என்றார் ஜம்புநாதன்.

"இருக்கலாங்க," என்றாள் விசாலாக்ஷி.

மறுநாள் பாங்குக்கு ஃபோன் செய்தார். எடுத்தவள் மிஸஸ் கோவால்ஸ்கி. கடன் பிரிவில் முப்பது வருஷம் பழம் தின்று கொட்டை போட்டவள். 'ஜம்பு' அவள் வாயில் நுழையாததால் அவரை மிஸ்டர் நாதன் என்று கூப்பிட்டாள். அவள் பேசியது இங்கிலீஷ்தான். நாம் தமிழிலேயே கேட்டுக்கொள்வோம்.

"செக்குல தெளிவா எழுதிடுங்க மிஸ்டர் நாதன், 'அசலுக்கு மட்டும்'னு."

எழுதினார். முன்பக்கம் சிவப்பு மையில், பின்பக்கம் நீல மையில். இந்தத் தடவை மஞ்சள் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஜனவரியில் அடுத்த கடிதம் வந்தது. ஐந்நூற்றொரு டாலரையும் அவருடைய வீட்டு வரிக் கணக்கில் பத்திரமாகச் சேர்த்துவிட்டார்களாம்.

"வரியா? வரியை யாருடா கேட்டா?" என்று கடிதத்தைப் பார்த்துக் கேட்டார்.

"பாவம், எத்தனை ஆயிரம் செக்கைப் பாக்குறாங்களோ," என்றாள் விசாலாக்ஷி.

"நீ அவனுக்குப் பரிஞ்சு பேசாத."

அடுத்த மாதம் தவணைக்கு ஒரு செக், அசலுக்குத் தனியாக ஒரு செக், கூடவே இரண்டு பக்கம் டைப் அடித்த விளக்கக் கடிதம். மூன்றையும் ஒரே உறையில் போட்டு ஒட்டினார். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்களே, அதுதான் நடந்தது. இரண்டாவது செக்கை மார்ச் மாதத் தவணையாக எடுத்துக்கொண்டு, அறுநூற்றுத் தொண்ணூற்றெட்டுக்குப் பதில் ஐந்நூற்றொன்றுதான் வந்திருக்கிறது, குறைவாகக் கட்டியதற்கு அபராதம் முப்பத்தைந்து டாலர் என்று பாங்கு எழுதியது.

அரை நாள் லீவு போட்டுவிட்டு, முழங்கால் பனியில் வண்டியை உருட்டிக்கொண்டு நேரிலேயே போனார். மிஸஸ் கோவால்ஸ்கி மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தாள். அவரை உட்கார வைத்து ஒரு பெப்பர்மிண்ட் மிட்டாய் கொடுத்தாள்.

"அதிகமா கட்டினதுக்கு அபராதம் போடுற பாங்கு உலகத்துலயே உங்களுதுதாம்மா," என்றார் ஜம்புநாதன்.

"அபராதத்தை ரத்து பண்ணிடுறேன்."

"அந்த ஐந்நூத்தியொண்ணை அசல்ல சேர்த்துடுங்க."

மிஸஸ் கோவால்ஸ்கி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. பிறகு, "பாக்கலாம், மிஸ்டர் நாதன்," என்று இன்னொரு மிட்டாயை நகர்த்தினாள்.

திரும்பி வரும்போது வண்டி பனியில் வழுக்கி, ஒரு தபால் பெட்டியை இடித்தது. பெட்டிக்கு நாற்பது டாலர். அதையும் சனிக்கிழமைக் கணக்கில்தான் எழுத வேண்டியிருந்தது.

இந்த இடத்தில்தான் பசுபதி உள்ளே வருகிறார். இரண்டு தெரு தள்ளி வீடு, ஜம்புநாதனுக்குப் பத்து வருஷத்துச் சிநேகிதர், கேட்காமலே யோசனை சொல்லுகிற மகாராசன்.

"ரெண்டு செக் எதுக்கு சார்? அதான் குழப்பம். தவணை, எக்ஸ்ட்ரா எல்லாத்தையும் சேர்த்து ஒரே செக்கா எழுதுங்க. மேல கொட்டை எழுத்துல 'அசலுக்கு மட்டும்'. அப்ப என்ன பண்ணுவான்?"

என்ன பண்ணினான் என்றால், எதிலுமே சேர்க்காமல் மொத்தப் பணத்தையும் தனியாக எடுத்து வைத்துவிட்டான். அசலும் குறையவில்லை, தவணையும் கட்டியதாக ஆகவில்லை. தவணை பாக்கி என்று அறிவிப்பு வந்தது. அது வந்த மூன்றாம் நாள் பாங்கிலிருந்து ஒருவன் வந்து, நடைபாதையில் நின்று வீட்டை நாலு கோணத்தில் படம் எடுத்துக்கொண்டு போனான். அதைப் பார்த்தவர் நாய்க்குட்டியோடு உலாவிக்கொண்டிருந்த பசுபதி.

பிறகு கேட்க வேண்டுமா? சித்திரை வருஷப் பிறப்புக்கு எடிசனில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் தமிழ்ச் சங்கத்து பாட்லக், அதாவது ஆளுக்கு ஒரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவருகிற விருந்து. ஜம்புநாதன் தட்டோடு வரிசையில் நிற்கும்போது சங்கத் தலைவர் மகாதேவன் அவரை ஒரு மூலைக்குத் தள்ளிக்கொண்டு போய்ச் சட்டைப் பையில் ஒரு கவரைச் செருகினார்.

"என்ன சார் இது?"

"நாம எல்லாம் ஒரு குடும்பம். வேற எதுவும் கேக்காதீங்க."

"எதுக்குன்னு சொல்லுங்க."

"பசுபதி சொல்லிட்டார் சார். வேலை போனது வெளியில தெரிய வேணாம்."

"எனக்கு வேலை போகலையே."

"அதேதான். யார் கேட்டாலும் அப்படியே சொல்லுங்க."

"சார், நான் கடனைச் சீக்கிரமா அடைக்கப் பாக்குறேன். கட்ட முடியாம இல்ல."

பக்கத்தில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் அவரை இரக்கத்தோடு பார்த்தாள். "சீக்கிரமா கட்டுறவங்க வீட்டையா தம்பி பாங்க்காரன் படம் எடுப்பான்?" என்று கேட்டு, அவருக்கு மட்டும் இரண்டு கரண்டி கூடுதலாக ஊற்றினாள்.

கவரை வண்டியில் வைத்துப் பிரித்துப் பார்த்தார்கள். ஐந்நூற்றொரு டாலர். ஒரு டாலர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"டாட், ஆர் வீ புவர்?" என்றாள் ஸ்வர்ணா பின்சீட்டிலிருந்து.

அவர் வண்டியைக் கிளப்பினார். வீடு வந்து சேர்ந்ததும் ஷூவைக் கூடக் கழற்றாமல் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். நல்ல வெயில் அடிக்கிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். விசாலாக்ஷி வந்து பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள்.

"கவரை நாளைக்கே திருப்பிக் கொடுத்துடலாங்க. நான் மகாதேவன் வீட்ல பேசிக்கிறேன்."

"ம்."

"என்னங்க, இவ்வளவு கஷ்டப்பட்டாவது ஊருக்குப் போகணுமா?"

ஜம்புநாதன் கவரைப் படியில் வைத்தார். குரலில் கோபம் இல்லை.

"அலுத்துப்போச்சு விசாலம். பனியை அள்ளி அள்ளித் தோள்பட்டை போச்சு. ஆபீஸ்ல பன்னெண்டு வருஷமா என் பேரைச் சரியாச் சொன்னவன் ஒருத்தன் இல்லை. எனக்குப் பணக்காரன் ஆகணும்னெல்லாம் இல்லை. எவனுக்கும் கடன்காரனா இல்லாம ஒரு நாள் தூங்கி எழுந்திரிக்கணும். நம்ம ஊர்ல. அவ்வளவுதான். அதுக்குக்கூட விட மாட்டேங்குறானுங்க."

விசாலாக்ஷி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாற்பத்தொரு வயதுக்கு அந்த முகத்தில் பத்து வயது கூடுதலாகத் தெரிந்தது. அவள் வெட்டின முடி காதோரத்தில் கோணலாக நின்றது. அவள் குனிந்து அவருடைய ஷூ நாடாவை அவிழ்த்தாள்.

"இந்த மாசமும் எழுதிக் கொடுங்க," என்றாள்.

"எதுக்கு? இன்னொரு நன்றி லெட்டர் வாங்கவா?"

"எழுதிக் கொடுங்க. சேர வேண்டிய இடத்துல சேரும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தோணுது," என்று சொல்லிவிட்டு, சமையலறைக்குப் போய்க் காலிப் பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் தேய்க்க ஆரம்பித்தாள். வெகு நேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை பாக்கித் தவணையையும் அவளே பாங்குக்குப் போய்ச் சரிசெய்துவிட்டு வந்தாள். ஜம்புநாதன் பழையபடி இரண்டு செக் எழுதினார். இந்தத் தடவை எந்த மையிலும் 'அசலுக்கு மட்டும்' என்று எழுதவில்லை. செக்கில் குறிப்பு எழுதுகிற இடத்தைக் காலியாக விட்டுவிட்டார். கை ஓய்ந்துபோயிருந்தது.

பத்து நாள் கழித்து ஆபீஸில் ஃபோன் அடித்தது.

"மிஸ்டர் நாதன்? மிஸஸ் கோவால்ஸ்கி பேசறேன்."

பாங்கு தானாக அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஜம்புநாதன் பேனாவைக் கீழே வைத்தார். "இப்ப எங்கம்மா சேர்த்தீங்க? தபால் செலவுக் கணக்குலயா?"

"அசல்லதான். ஐந்நூத்தியொரு டாலரும் அசல்ல கழிஞ்சிருச்சு. நானே என் கையால போட்டேன்."

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பக்கத்து மேஜைக்காரன் என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்த்தான். ஜம்புநாதன் அவனைப் பார்த்துச் சிரித்தார். அந்த வருஷத்தில் ஆபீஸில் அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

"ரொம்ப சந்தோஷம்மா. நாலு மாசமா என் உயிரை வாங்கின கம்ப்யூட்டருக்கு எப்படித் திடீர்னு புத்தி வந்துச்சு?"

"கம்ப்யூட்டர்ல எப்பவுமே கோளாறு இருந்ததில்லை, மிஸ்டர் நாதன். உங்க செக் வந்த அன்னிக்கெல்லாம் உங்க மனைவி ஃபோன் பண்ணி, எதுல வேணா போடுங்க, அசல்ல மட்டும் போட்டுடாதீங்கன்னு சொல்லுவாங்க. இந்த மாசம் செக் வந்து ஒரு வாரம் ஆச்சு, இன்னும் அவங்க கூப்பிடலை, உடம்பு சரியில்லையோன்னு கேக்கத்தான் ஃபோன் பண்ணேன்."