நான் கஜனை விசாரித்த கதை

எனக்கு உருப்படியாகத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான்: மாப்பிள்ளை விசாரிப்பது. கம்ப்யூட்டர் வேலை சோறு போடுகிறது, அது வேறு விஷயம். திருச்சியில் இருந்த காலத்தில் எங்கள் சொந்தத்தில் எந்தப் பெண்ணுக்கு வரன் வந்தாலும், பையனின் ஊருக்கு என்னைத்தான் பஸ் ஏற்றிவிடுவார்கள். நானும் போய், பையன் வீட்டுப் பக்கமே தலைகாட்டாமல், டீக்கடையிலும் மளிகைக்கடையிலும் பேச்சுக் கொடுத்து, சாயங்காலத்துக்குள் அந்தக் குடும்பத்தின் மொத்தக் கதையோடு திரும்பிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு. (கொஞ்சமா என்று என் மனைவி மாலதி பின்னாலிருந்து கேட்கிறாள்.)

அந்தத் திறமையை நான் கடைசியாகக் காட்டியது மெல்பர்னில், கொரோனா ஊரடங்கில், ஒரு ஃபுட்பால் ஆட்டக்காரன் மீது. இன்றைக்கு நினைத்தாலும் எங்காவது போய் ஒளிந்துகொள்ளத் தோன்றுகிறது.

எங்கள் அலுவலகத்தில் சம்பளப் பிரிவில் கிளென் என்று ஒருவர் இருந்தார். வார நாட்களில் எங்களுக்குச் சம்பளம் போடுவார். வார இறுதியில் ஒரு பெரிய ஃபுட்பால் கிளப்புக்காக ஊர் ஊராகப் போய் இளம் ஆட்டக்காரர்களைப் பார்த்து மதிப்பிடுவார். இங்கே ஃபுட்பால் என்றால் நீள்வட்டப் பந்தைக் கையிலும் பிடித்து, காலாலும் உதைத்து, ஒருவர் மேல் ஒருவர் ஏறி விழும் ஆட்டம். வருஷக் கடைசியில் டிராஃப்ட் நடக்கும். கிளப்புகள் முறை வைத்து ஒவ்வொரு பையனாகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். பெயர் வந்தால் வாழ்க்கை. வராவிட்டால் திங்கட்கிழமை வேறு வேலை தேட வேண்டியதுதான்.

அந்த வருஷம் எங்கள் ஊரில் இளைஞர்களுக்கு ஆட்டமே நடக்கவில்லை. வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு மேல் யாரும் போகக்கூடாது. வெளியே போனாலும் உடற்பயிற்சிக்கு ஒரு மணி நேரம்தான். கிளென் நகரத்தின் மேற்குக் கோடியில் மாட்டிக்கொண்டார். அவர் பார்க்க ஆசைப்பட்ட பையன் கஜன், நகரத்தின் இன்னொரு கோடியில், நாங்கள் இருக்கும் டான்டினோங்கில் இருந்தான். வயது பத்தொன்பது. முந்தின வருஷம் முழங்காலில் அடிபட்டு டிராஃப்ட் கைதவறிப் போயிருந்தது. இந்த வருஷமும் பெயர் வராவிட்டால் அப்புறம் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்றார் கிளென். பையன் என் வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் தினமும் தனியாக ஓடுகிறானாம். நீ எப்படியும் நடக்கப் போகிறாயே, அவன் இரண்டு கிலோமீட்டர் ஓடுவதை முழுதாக வீடியோ எடுத்து வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பையன் எப்படி, குடும்பம் எப்படி, அக்கம்பக்கத்தில் மெதுவாகக் கேட்டுப் பார் என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டார்.

அவ்வளவுதான், எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த திருச்சிக்காரன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

திங்கட்கிழமை பூங்காவுக்குப் போய்ப் பையனைத் தூரத்திலிருந்து பார்த்தேன். ஓடினான். நன்றாகத்தான் ஓடினான் என்று நினைக்கிறேன். எனக்கு அதில் என்ன தெரியும்? வீடியோவை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம், அவன் எங்கே போகப்போகிறான், முதலில் விசாரணையை முடிப்போம் என்று நேராக சாந்தி அக்காவின் மளிகைக்கடைக்குப் போனேன். சாந்தி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். டான்டினோங்கில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும்.

இரண்டு கட்டு முருங்கைக்கீரையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கேட்டேன். எந்த ஊர்க்காரர்கள்? எப்போது வந்தார்கள்? அப்பாவுக்கு என்ன வேலை, நிரந்தரமா? சொந்த வீடா, வாடகையா? விசா எப்படி? பையனுக்குக் குடிப் பழக்கம் உண்டா? சாந்தி அக்கா கொட்டினார். முல்லைத்தீவுப் பக்கம். அகதிகளாகப் படகில் வந்தவர்கள். இன்னும் தற்காலிக விசாதான். அப்பா நாதன், மரக்கறி (நம்மூர்க் காய்கறி) பொதி செய்கிற இடத்தில் இரவு வேலை. பையன் தங்கமான பையன். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "ஏன் தம்பி கேக்கிறீங்கள்?" என்றார்.

மெதுவாகக் கேள் என்று கிளென் சொல்லியிருந்ததால் நான் பதில் சொல்லாமல் சிரித்தேன். நம் ஆட்களிடம் ஒரு பையனைப் பற்றி இத்தனையும் கேட்டுவிட்டுச் சிரித்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். சாந்தி அக்கா கீரைக்குக் காசு வாங்கவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அங்கிருந்து பையனின் வீட்டுத் தெருவுக்குப் போனேன். போலீஸ் மறித்தால் காட்டுவதற்கு அலுவலக அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தேன். முகத்தில் மாஸ்க். அந்தக் கோலத்தில் எதிர் நடைபாதையில் நின்று அவர்கள் வீட்டைப் போட்டோ எடுத்தேன். (ரிப்போர்ட்டில் சேர்க்கத்தான். வீட்டு முகப்பு முக்கியம் என்பது திருச்சிப் பாடம்.) ஜன்னல் திரை ஒருமுறை அசைந்தது. மரியாதையாகத் தலையசைத்துவிட்டு வந்தேன்.

அன்று மாலையே கிளெனுக்கு ரிப்போர்ட் போய்விட்டது. 'பையன் நல்ல உயரம். மரியாதை தெரிந்தவன். குனிந்த தலை நிமிராமல் ஓடுகிறான். கெட்ட சகவாசம் இல்லை. குடும்பம் கௌரவமானது, வாடகை வீடு.' இதையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதினேன் என்பதை நினைத்தால்தான் காது இன்னும் சூடாகிறது. கிளென் நல்ல மனுஷன். குடும்பத்தைப் பற்றித் தெரிந்ததில் சந்தோஷம், ஆனால் பையன் பந்தை உதைப்பானா மாட்டானா என்று ஒரு வரிகூட இல்லையே என்று பதில் அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை வீடியோ எடுக்கப் போனேன். பையன் வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. வியாழக்கிழமை காலையில் வீட்டில் வெடித்தது.

மாலதிக்குக் கேரம் டவுன்ஸ் கோயில் சிநேகிதி ஒருத்தி போன் செய்து வாழ்த்துச் சொல்லியிருக்கிறாள். மாலதி என் முன்னால் வந்து நின்றாள். "நிலாவுக்கு மாப்பிள்ளை பாத்துட்டீங்களாமே. பத்தொம்பது வயசுப் பையனாம். வீடெல்லாம் போய்ப் பாத்தாச்சாம். எங்கிட்ட எப்ப சொல்றதா உத்தேசம்?"

எங்கள் மகள் நிலாவுக்கு அப்போது இருபது வயது. யூனிவர்சிட்டி வகுப்பைக் கம்ப்யூட்டரில் கேட்டுக்கொண்டிருந்தவள் ஹெட்போனைக் கழற்றினாள். "அப்பா, ஆர் யூ சீரியஸ்?" என்றாள். அவளுடைய மைக் அணைக்கப்படவில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. வகுப்பே கேட்டிருக்கிறது.

நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கல்யாணப் பேச்சு என்று நினைத்துத்தான் பையன் வெட்கப்பட்டு வெளியே வராமல் இருக்கிறான், போய் ஒரு வார்த்தை சொன்னால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். மாலதி வாசல்வரை வந்து, விழுந்து கும்பிட்டாவது சரிபண்ணிவிட்டு வாருங்கள் என்றாள்.

அடுத்தவர் வீட்டுக்குள் போகக்கூடாத காலம் என்பதால், வீட்டுக்கு முன்னால் இருந்த புல்தரையோரம் நின்று கூப்பிட்டேன். கழுத்தில் அதே அட்டை. பழக்க தோஷம்.

கதவு திறந்தது. நாதன் வந்தார். இரவு வேலை முடித்து வந்து தூங்காத முகம். நான் வாயைத் திறப்பதற்குள் நடந்து வந்து, கையிலிருந்த தடித்த ஃபைல் ஒன்றை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"ஐயா, எல்லாம் இதுக்குள்ள கிடக்கு. பாருங்கோ. நாங்கள் ஒண்டும் ஒளிக்கேல்லை."

எனக்கு முதலில் புரியவில்லை. பிளாஸ்டிக் உறைகளுக்குள் விசாக் கடிதங்கள், வாடகைப் பத்திரம், சம்பளச் சீட்டு, பையனின் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள். அவர் பக்கம் பக்கமாகத் திருப்பிக் காட்ட ஆரம்பித்தார். பையன் பூங்காவுக்குப் போனது பிழை என்றால் இனி அனுப்ப மாட்டேன், மூன்று நாளாக வீட்டை விட்டு விடவில்லை என்றார். அப்போதுதான் உறைத்தது. எப்போது வந்தார்கள், என்ன விசா என்று கடையில் கேட்டு, கழுத்தில் அட்டையோடு வந்து வீட்டைப் போட்டோ எடுத்தவன் அவருக்கு யாராகத் தெரிந்திருப்பான்? என்னைவிட வயதில் மூத்த மனிதர், என்னை ஐயா என்கிறார்.

அட்டையைக் கழற்றிப் பையில் போட்டேன். ஐயோ, நான் இமிகிரேஷன் ஆள் இல்லை, கம்ப்யூட்டர் வேலை செய்கிறவன் என்று உளறினேன். கிளென் அனுப்பிய மெசேஜைப் போனில் காட்டினேன். இரண்டு கிலோமீட்டர் வீடியோ, வெள்ளிக்கிழமை கெடு எல்லாவற்றையும் தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் சொல்லி முடித்தேன். உள்ளே கஜன் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். கெடு நாளைக்கு என்றதும் அவன் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டான். அவனுடைய அம்மா செல்வியக்காதான் முதலில் சிரித்தார்.

"சாந்தி அன்ரி கலியாணப் பேச்சு எண்டு சொன்னவ. இவர்தான் நம்பேல்லை. அப்ப ரெண்டும் இல்லையோ?"

நாதன் சிரிக்கவில்லை. ஃபைலை மூடி மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அப்ப பந்தடிக்கிறதுக்கு எங்கட விசா என்னத்துக்கு, தம்பி?"

ஐயா தம்பியாகிவிட்டதே, அதுவே பெரிய மன்னிப்பு. வெட்கம் என்றால் என்ன என்று அந்தப் புல்தரையில் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை நான் பட்டதெல்லாம் வெறும் கூச்சம். திருச்சியில் நான் விசாரித்த வீடுகளில் எத்தனை பேர் இப்படித் திரைக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தார்களோ என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை மழை. கஜன் ஓடினான். மூன்று நாள் வீட்டுக்குள் கிடந்த கால் முதல் சுற்றில் இழுத்துப் பிடித்தது, எனக்கே தெரிந்தது. பிறகு வேகம் பிடித்தான். நான் மாஸ்க்குக்குள் மூச்சு விட்டுக் கண்ணாடி முழுக்க ஆவி படிய, குத்துமதிப்பாகப் போனைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். பாதியில் நாதன் வந்து, குடையை என் தலைக்கு மேல், அதாவது போனுக்கு மேல், பிடித்தார். வீடியோவில் ஓர் இடத்தில் பையனே இல்லை, வெறும் குடைக் கம்பிதான் இருக்கிறது. அனுப்பினேன். குடும்பத்தைப் பற்றி நான் எழுதியதையெல்லாம் அழித்துவிடச் சொல்லி கிளெனைக் கெஞ்சினேன்.

டிராஃப்ட் இரவில் நாங்கள் எங்கள் வீட்டிலும் அவர்கள் அவர்கள் வீட்டிலும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. கஜன் பெயர் வரவில்லை. கிளப்புக்கு இன்னும் உயரமான ஆள் வேண்டுமாம், உன்னால் இல்லை என்று கிளென் சொன்னார். கிளென் நல்ல மனுஷன் என்று முன்பே சொன்னேன், அதனால்தான் இந்த விஷயத்தில் அவர் சொல்வதை நம்ப முடியவில்லை.

மறுநாள் பலகாரப் பையோடு போய் அவர்கள் வாசலில் நின்றேன். கஜனிடம் மன்னித்துக்கொள் என்றேன். கஜன் தோளைக் குலுக்கிவிட்டு, "இட்ஸ் ஓகே, அங்கிள்" என்றான். ஓகே இல்லை என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது. செல்வியக்கா பையை வாங்கிக்கொண்டு, "உள்ள வாங்கோ சம்பந்தி" என்றார். அன்றிலிருந்து நான் சம்பந்திதான். கோயிலில் நாலு பேர் முன்னாலும் அப்படித்தான் கூப்பிடுவார். தெரியாதவர்கள் மாலதியிடம் மாப்பிள்ளை எங்கே வேலை செய்கிறார் என்று கேட்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நாதன் மட்டும் இந்தக் கதையை யார் சொன்னாலும் எழுந்து வெளியே போய்விடுவார்.

கஜன் விடவில்லை. உள்ளூர் அணியில் இரண்டு வருஷம் ஆடினான். அப்புறம் சிட்னி கிளப் ஒன்று பயிற்சிக்குக் கூப்பிட்டு, பார்த்து, எடுத்துக்கொண்டது. இப்போது அங்கேயே லிட்கமில் வீடு எடுத்து இருக்கிறான்.

போன மாதம் நிலா தன் மனசுக்குப் பிடித்த பையனைப் பற்றி வீட்டில் சொன்னாள். பெயர் பிரவீன். சிட்னியில், செவன் ஹில்ஸில் இருக்கிறான். எனக்குக் கை பரபரத்தது. மாலதி என் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். செல்வியக்கா, "நீங்கள் ஒரு இடமும் போகாதேங்கோ சம்பந்தி, என்ர மகன் பாப்பான்" என்றார். நிலாவும் கஜன் என்றால் சரி, அப்பா மட்டும் வேண்டாம் என்றாள். கஜன் பிரவீனைப் பூங்காவுக்குப் பந்தடிக்கக் கூட்டிப் போனானாம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவனுடைய வாய்ஸ் மெசேஜ் வந்தது. நிலா சத்தமாகப் போட்டாள்.

"அங்கிள், ஆளைப் பாத்தன். ஆறடி. ஸ்பீட் சுமார். லெஃப்ட் ஃபுட் சுத்தமாச் சரியில்லை. ஆனா பிழை விட்டா சாட்டுப்போக்குச் சொல்லாமத் திரும்ப ஓடுறார். நான் வேணுமெண்டு இடிச்சுப் பாத்தன், கோவிக்கேல்லை. ஃபர்ஸ்ட் ரவுண்டிலயே எடுக்கலாம்." அதோடு, "வேற ஒண்டும் விசாரிக்கேல்லை, அங்கிள். எப்ப வந்தவை, என்ன விசா எண்டு ஒருத்தரிட்டயும் கேக்கேல்லை" என்றான்.

மேசையே அதிர்ந்தது. மாலதி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் புதிதாக ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினால், நாதன். எழுந்து போகவில்லை. சிரித்துக்கொண்டே சோற்றுப் பாத்திரத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, "அந்த மெசேஜை இன்னொருக்காப் போடு, பிள்ளை" என்று நிலாவிடம் சொன்னார். அவள் போட்டாள். நாங்கள் எல்லோரும் மறுபடியும் கேட்டோம்.